பெயர் பெற்ற வண்டு

உலகத்து உயிர்களுள் பெயர் பெற்றன சில. பெறாது வாழ்ந்து மடிவன பல. பெயர் இன்மையால் ஓர் உயிர் இல்லாததாகிவிடாது. ஆயினும் பெயரற்ற ஒன்றைப் பற்றி ஒருவர் கண்டறிந்ததைப் பிறர்க்கு ஐயமின்றி உணர்த்தல் அரிது. இவ்வுண்மையைத் தமிழ் மாணவனாகிய யான், இலக்கண நூலிற் கற்றதினும் தெளிவாக ஒரு சிறு வண்டின் வரலாற்றிற் கண்டேன்.

சீன தேயத்தின் தென்மேற்கில் யுன்னான் என்னும் மலைநாடு உளது. 'மேகங்களுக்குத் தெற்கு' என்பது அப்பெயரின் பொருள். அங்குள்ள மலைகளிற் பைன் மரங்கள் காடாகச் செறிந்துள்ளன. அவற்றில் வாழும் இரு கூன்வண்டினங்களை 1999-ஆம் ஆண்டில் லாங்கோர், சாங் முதலிய அறிஞர் புதியன என விவரித்து வெளியிட்டனர். ஒன்றற்கு அந்நாட்டின் பெயரால் பிசோடெஸ் யுன்னானென்சிஸ் என்றும், மற்றொன்றற்குப் பிசோடெஸ் பங்க்டாட்டஸ், அதாவது 'புள்ளிக்குழிகளை உடையது', என்றும் பெயரிட்டனர். முன்னது யுன்னான் பைனையும், பின்னது அர்மாண்டு பைனையும் பற்றி வாழ்வது.

நம் வீட்டு அரிசியிற் காணும் மூக்கு நீண்ட வண்டும் இக்குலத்ததே. பைன் கூன்வண்டு தன் மூக்கின் நுனியிலுள்ள வாயாற் பட்டையைத் துளைத்து, அத்துளையில் முட்டையிடும். முட்டையினின்று வரும் புழு உட்பட்டையைத் தின்று செல்லும். பின்னர் மரச்சிராய்களாற் கூடமைத்து, அதனுள் உருமாறி வண்டாகும். உட்பட்டை வழியே செல்லும் உணவு தடைப்படவே இளமரம் வாடி மடிகின்றது.

இத்தகைய வண்டொன்றைப் 'புதியது' எனக் கூறுதல் எளிதன்று. முன்னரே பெயர் பெற்ற நெருங்கிய இனங்களோடு அதனை ஒப்பிடல் வேண்டும். மூக்கின் நீளம், சிறகுறையின் குழிகள், செதிற்புள்ளிகளின் நிறம், உள்ளுறுப்புகளின் அமைப்பு ஆகியவற்றை நுணுகி நோக்கி வேறுபாடு காட்டல் வேண்டும். ஓர் உடலை மூலச்சான்றாகத் தெரிந்து காட்சிச்சாலையிற் பேணல் வேண்டும். பல ஏடுகளை ஒப்பு நோக்கிப் பாடபேதங் குறிக்கும் பதிப்பாசிரியரின் உழைப்பும் இதுவும் ஓரினத்தனவே.

"தமிழ் படிப்பதனால் யாது பயன்?" என்று என் சிறிய தந்தையார் அடிக்கடி வினவுவார். ஒரு நாள், விலங்கியல் பயிலும் என் நண்பரை நோக்கி, "வண்டிற்குப் பெயரிடுவதால் மட்டும் யாது பயன்?" என்றார். நண்பர் கூறிய விடை இது: "வட அமெரிக்காவில் வெள்ளைப் பைனின் தலைக்கொழுந்தைக் கொன்று, மரத்தைக் கோணலாக்கும் கூன்வண்டு ஒன்று உண்டு, ஐயா. 1817-இல் பெக் என்பவர் அதற்குப் பெயரிட்டார். அதன்பின் பலர் கண்டறிந்த செய்திகளெல்லாம் அவ்வொரு பெயரின்கீழ்த் திரண்டன. ஈரினங்களை ஒன்றெனக் கொண்டால், ஒன்றன் மரத்தையும் பருவத்தையும் பற்றிய அறிவை மற்றொன்றற்குப் பொருத்தி மயங்குவோம். காட்டைக் காக்கும் முயற்சியும் வீணாகும்."

சிறிய தந்தையார் மறுமொழி கூறவில்லை. எனக்கோ, என் பாடத்தின் பயனும் அவ்விடையிலேயே விளங்கிற்று. சொல்லும் பொருளும் வழுவாது பொருந்தினாலன்றி ஒருவர் அறிவு மற்றொருவர்க்கு உதவாது.

எறும்பை மூவறிவினதென்றும், தும்பியை நாலறிவினதென்றும் வகுத்தது தொல்காப்பிய மரபியல். உயிர்களை உற்று நோக்கி வகைப்படுத்தும் அப்பணி இன்னும் முடிந்ததன்று. கூன்வண்டுகளுள் 60,000-க்கு மேற்பட்ட இனங்கள் பெயர் பெற்ற பின்னும் புதியன வந்துகொண்டே இருக்கின்றன. உடன் மாணவர்காள்! காட்டிற் புழுவைத் தேடுவோரும், ஏட்டிற் சொல்லைத் தேடுவோரும் ஒரு தொழிலையே செய்கின்றனர் அன்றோ?