கூலியின் இரண்டாம் தவணை

2024 ஜூலை 29 அன்று பிரிட்டன் நிதியமைச்சர் ரேச்சல் ரீவ்ஸ் நாடாளுமன்றத்தில் ஆற்றிய உரையில் இரண்டு அறிவிப்புகள் இருந்தன. ஒன்று, மருத்துவமனை ஊழியர்கள், ஆசிரியர்கள் உள்ளிட்ட அரசுத் துறையினருக்கு ஊதிய உயர்வு. கிழக்கு லண்டனில் நர்ஸாக வேலை பார்க்கும் எனக்கும் அதில் ஐந்தரை சதவீதம் கிடைத்தது. மற்றொன்று, குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்கிக்கொள்ள முதியவர்களுக்குக் கொடுத்துவந்த எரிபொருள் உதவித்தொகை இனி எல்லோருக்கும் கிடையாது என்பது. முந்தைய ஆட்சி விட்டுப்போன பற்றாக்குறை 2,200 கோடி பவுண்டு, வேறு வழியில்லை என்றார்.

அந்த உதவித்தொகை 1997இல் கார்டன் பிரவுன் நிதியமைச்சராக இருந்தபோது வந்தது. வீட்டுக்கு 200 பவுண்டு, எண்பது வயதைத் தாண்டியவர்கள் இருந்தால் 300. பெரும்பாலோர் விண்ணப்பிக்கத் தேவையில்லை, பணம் தானாகவே வங்கிக்கு வந்துவிடும். புதிய விதிப்படி, வறியவர்களுக்கான ஓய்வூதிய நிரவல் தொகையோ அதுபோன்ற வேறு உதவியோ பெறுபவர்களுக்கு மட்டுமே அது உண்டு. ஏறக்குறைய ஒரு கோடிப் பேர் பட்டியலிலிருந்து விழுந்தார்கள்.

என் பக்கத்து வீட்டு அம்மாவும் விழுந்தார். துணிக்கடையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் நின்று வேலை பார்த்தவர், வயது எழுபத்தொன்று. முழு அரசு ஓய்வூதியம் அப்போது வாரத்துக்கு 221.20 பவுண்டு. தனியாக வாழ்பவர் நிரவல் தொகை பெறுவதற்கான வருமான வரம்பு 218.15 பவுண்டு. வாரத்துக்கு மூன்று பவுண்டு ஐந்து பென்ஸ் அதிகம் வாங்குவதால் அவர் வசதியானவர் ஆகிவிட்டார். அதே ஆண்டு அக்டோபரில் எரிவாயு, மின்சாரத்துக்கான விலை வரம்பும் பத்து சதவீதம் ஏறியது.

நவம்பரில் ஒரு மாலை அவர் வீட்டுக்குப் போனேன். முன்னறை ஹீட்டர் அணைந்திருந்தது. சமையலறையில் மட்டும் ரேடியேட்டரைத் திறந்துவைத்து, வெளியே போகும் கோட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எனக்குத் தேநீர் போடக் கெட்டிலில் இரண்டு கோப்பைத் தண்ணீரை அளந்து ஊற்றினார். கெட்டில் கொதிக்கக் கொதிக்க, மேசைமேல் இருந்த மின்கணக்குக் கருவியில் காசு ஏறுவதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னிடம், "உங்களுக்குச் சம்பளம் கூடியதே, சந்தோஷம். நர்ஸுகளுக்குக் கொடுக்கத்தான் வேண்டும்" என்றார். மனதாரச் சொன்னார். அந்த வாழ்த்தை வாங்கிக்கொள்ள எனக்குத்தான் முடியவில்லை.

இந்தக் கணக்கு எனக்குப் பழக்கமானது. நான் வளர்ந்தது சென்னையின் பேசின் பிரிட்ஜில். சென்ட்ரலில் ஆட்களை இறக்கிவிட்டு வரும் ரயில்களைக் கழுவி, பழுது பார்த்துத் திருப்பி அனுப்பும் யார்டு அங்கேதான் இருக்கிறது. அப்பா அந்த யார்டில் கேரேஜ் ஃபிட்டர். எங்கள் தெருவில் வீடுகளுக்கு அடையாளமே வேலைதான்: ரயில்வேக்காரர் வீடு, பவர்ஹவுஸ்காரர் வீடு, ஹார்பர்காரர் வீடு, பின்னி மில்காரர் வீடு. வேலையில் இருக்கும்வரை எல்லோருடைய சம்பளமும் கிட்டத்தட்ட ஒன்றுதான். ரிட்டயர் ஆன பிறகுதான் தெரு இரண்டாகப் பிரிந்தது.

அப்பாவுக்கு ரயில்வே பென்ஷன் வருகிறது, விலைவாசிக்கு ஏற்றபடி டி.ஏ.வும் கூடுகிறது. எதிர்வீட்டு மில்காரப் பெரியப்பாவின் கதை வேறு. பின்னி மில் 1996இல் மூடிய பிறகு திருவொற்றியூர்ப் பக்கம் சின்னச் சின்னக் கம்பெனிகளில் வேலை பார்த்து ஓய்ந்தவர். தொழிலாளர் வைப்பு நிதி பென்ஷனாக அவருக்கு வருவது மாதம் ஆயிரத்துச் சொச்சம். அந்தத் திட்டத்தில் குறைந்தபட்ச பென்ஷனை ஆயிரம் ரூபாய் என்று வைத்தது 2014 செப்டம்பரில். அதன்பின் பத்தாண்டுகளுக்கு மேலாகியும் அந்த ஆயிரம் ஆயிரமாகவே நின்றது.

கொரோனா வந்தபோது இரண்டு வீட்டிலும் அடி விழுந்தது. 2020 மார்ச் 20 முதல் ரயிலில் மூத்த குடிமக்களுக்கான கட்டணச் சலுகை நின்றது. அறுபது வயது ஆண்களுக்கு 40 சதவீதமும் ஐம்பத்தெட்டு வயதுப் பெண்களுக்கு 50 சதவீதமும் கிடைத்துவந்த சலுகை அது. ரிட்டயர் ஆன ரயில்வேக்காரர் என்பதால் அப்பாவுக்குப் பாஸ் உண்டு. பெரியப்பாவும் பெரியம்மாவும் ஊருக்குப் போக முழு டிக்கெட் எடுக்க வேண்டியதாயிற்று. ரயில்கள் பழையபடி ஓடத் தொடங்கிய பிறகும் சலுகை திரும்பவில்லை.

அதே ஆண்டு ஏப்ரலில் மத்திய அரசு டி.ஏ.வை நிறுத்திவைத்தது. 2020 ஜனவரி, ஜூலை, 2021 ஜனவரி என மூன்று தவணைகள். பதினேழு சதவீதத்தில் நின்ற டி.ஏ. 2021 ஜூலையில் இருபத்தெட்டாக உயர்ந்தது. இடைப்பட்ட பதினெட்டு மாத அரியர் மட்டும் வரவில்லை. அடிப்படைப் பென்ஷன் பத்தாயிரம் ரூபாய் வாங்கும் ஒருவருக்கு அது 13,200 ரூபாய். "குடுக்க மாட்டேன்னு சொல்லிட்டாங்கம்மா. ஆனா அது அவங்க காசில்ல, நான் யார்டுல வண்டிக்கு அடியில படுத்து வேலை செஞ்ச காசு" என்று அப்பா தொலைபேசியில் சொன்னார்.

அப்பா சொன்னதைத்தான் உச்ச நீதிமன்றம் 1982 டிசம்பர் 17 அன்று நகாரா வழக்கில் சொன்னது. ஓய்வூதியம் அரசின் தயவில் கிடைக்கும் இனாம் அல்ல, செய்து முடித்த வேலைக்கான உரிமை என்று ஐந்து நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது. இந்தியாவின் ஓய்வூதியர்கள் டிசம்பர் 17ஐ ஓய்வூதியர் நாளாகக் கொண்டாடுவது அதனால்தான்.

ஆனால் தீர்ப்பு சொன்னதை வேலையில் இருப்பவர்களும் மனதில் ஏற்க வேண்டும். 2003 ஜூலையில் தமிழ்நாட்டில் நடந்ததை நான் மறக்கவில்லை. ஓய்வூதியப் பலன்களிலும் சலுகைகளிலும் கைவைத்ததை எதிர்த்து அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். டெஸ்மா எனும் தமிழ்நாடு அத்தியாவசியப் பணிகள் பராமரிப்புச் சட்டத்தின்கீழ் ஒன்றே முக்கால் லட்சம் பேர்வரை ஒரே வீச்சில் வேலைநீக்கம் செய்யப்பட்டார்கள். வருவாயின் பெரும்பகுதியைச் சம்பளமும் பென்ஷனுமே தின்றுவிடுகின்றன என்றது அரசு. எங்கள் தெரு டீக்கடையில், "சும்மா உக்காந்து சம்பளம் வாங்கினவங்கதானே, நல்லா வேணும்" என்று பேசிக்கொண்டார்கள். பேசியவர்களும் உழைப்பாளிகள்தான். அதே ஆண்டு ஏப்ரல் 1 முதல் மாநில அரசில் சேர்ந்தவர்களுக்குப் பழைய பென்ஷன் இல்லை என்றானது. வேலைநிறுத்தம் செய்தவர்கள் காக்க நினைத்தது, பேசியவர்களின் பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான்.

லண்டனிலும் இதே விரிசலை உண்டாக்கப் பார்த்தார்கள். "நர்ஸுகளுக்கும் டாக்டர்களுக்கும் அள்ளிக் கொடுத்துவிட்டுக் கிழவர்களைக் குளிரில் விட்டார்கள்" என்று ஒரு பேச்சு கிளம்பியது. ஊதிய உயர்வுக்கு ஆன செலவு 900 கோடி பவுண்டுக்கு மேல். உதவித்தொகையை வெட்டி மிச்சப்படுத்த நினைத்தது ஏறக்குறைய 140 கோடி. அவர்களிடம் பிடுங்கியது எங்கள் உயர்வில் ஆறில் ஒரு பங்குக்குக்கூடக் காணாது. இருந்தும் இரண்டையும் ஒரே தராசில் வைத்துக் காட்டியதால், சாப்பாட்டு மேசையில் நாங்களும் முதியவர்களும் ஒருவரையொருவர் நிமிர்ந்து பார்க்க முடியாமல் போனது. அரசின்மேல் விழ வேண்டிய பழி எங்கள்மேல் திரும்பியது.

எதிர்ப்பு ஓயவில்லை. 2025 ஜூனில் அரசு பின்வாங்கியது. ஆண்டு வருமானம் 35,000 பவுண்டுக்குள் இருக்கும் முதியவர்கள் எல்லோருக்கும் மீண்டும் உதவித்தொகை என்றார்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சுமார் 90 லட்சம் பேருக்கு அது திரும்பக் கிடைத்தது. பக்கத்து வீட்டு அம்மாவுக்கும் கிடைத்தது. ஆனால் 2024 குளிர்காலத்துக்கான 200 பவுண்டு வரவில்லை. அப்பாவின் பதினெட்டு மாத அரியரும் வரவில்லை. அரசுகள் தவறைத் திருத்திக்கொள்ளும்போதும் நடுவில் எடுத்ததைத் திருப்பித் தருவதில்லை.

எங்களைப்போல வந்து குடியேறியவர்களுக்கு இதில் இன்னொரு பாடமும் உண்டு. நான் ஓய்வுபெற்று ஊருக்கே திரும்பி வாழலாம் என்று முடிவெடுத்தால், பிரிட்டனின் அரசு ஓய்வூதியம் எனக்குப் பேசின் பிரிட்ஜுக்கும் வரும். ஆனால் நான் போய்ச் சேரும் நாளில் என்ன தொகையோ அதுவே சாகும்வரை. இந்தியாவிலும் இலங்கையிலும் வாழ்பவர்களுக்கு ஆண்டு உயர்வு கிடையாது என்பது விதி. வரியும் காப்பீட்டுச் சந்தாவும் மற்றவர்களைப் போலவே கட்டியவர்களுக்கு, வசிக்கும் ஊரைக் காரணம் காட்டி உயர்வு மறுக்கப்படுகிறது.

சம்பளம் கூலியின் முதல் தவணை, ஓய்வூதியம் இரண்டாம் தவணை. முதல் தவணையை வாங்கியவன் இரண்டாம் தவணைக்காகக் காத்திருப்பவனுக்கு எதிரி ஆக முடியாது, ஏனென்றால் இருபது ஆண்டு கழித்து அந்த வரிசையில் நிற்கப்போவது அவனே. எங்கள் மருத்துவமனைச் சங்கத்தில் அடுத்த ஊதியக் கோரிக்கை எழுதும்போது ஓய்வூதியர்களின் கோரிக்கையையும் அதே தாளில் எழுத வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். முதியவர்களின் காசைக் காட்டி எங்களுக்கு உயர்வு தருவதாகச் சொன்னால், இரண்டையும் சேர்த்தே கேட்போம் என்று பதில் சொல்லும் துணிவு வேலையில் இருக்கும் எங்களுக்குத்தான் முதலில் வர வேண்டும்.