ஆழத்திலிருந்து வரும் மீன்

நுழையும்முன்

தூண்டிலிடுதல் பிழைப்புக்கான தொழிலாக மட்டுமன்றிப் பொழுதுபோக்காகவும் உலகெங்கும் நிலைத்திருக்கிறது. பிடித்த மீனை மீண்டும் நீரில் விடுவதையே நெறியாகக் கொண்டோரும் உளர். விடப்பட்ட மீன் பிழைக்கிறதா என்னும் கேள்வியை எழுப்புகிறது இக்கட்டுரை.

அமெரிக்காவின் வடபகுதியில், கனடா எல்லையை ஒட்டி அமைந்தது மினசோட்டா மாநிலம். பண்டைப் பனியாறுகள் விட்டுச்சென்ற பள்ளங்களில் நீர் நிறைந்து, ஆயிரக்கணக்கான ஏரிகள் உருவான நிலம் அது. நவம்பர்த் தொடக்கத்தில் அங்கே மரங்கள் இலையுதிர்த்து நிற்கும். கோடைக்காலப் படகுகள் கரையேறிவிடும். இன்னும் சில வாரங்களில் ஏரிகளின் மேற்பரப்பு உறையத் தொடங்கும். அந்தக் குறுகிய இடைவெளியில், ஒரு விடியற்பொழுதில், முதியவர் ஒருவரும் பதினாறு வயதான அவருடைய பேத்தியும் சிறுபடகில் ஏரிக்குள் சென்றனர்.

அவர்கள் தேடிச் சென்றவை இருவகை மீன்கள். ஒன்று, வால்ஐ. அதன் விழியின் பின்புறத்தில் ஒளியைத் திருப்பி அனுப்பும் படலம் உண்டு. அதனால் மங்கிய ஒளியிலும் அது இரையைக் காணும். மற்றொன்று, சிறுவாய் பாஸ். வடக்கின் குளிர்ந்த நீரில் மெல்ல வளர்வதால், பெரிய மீன் ஒன்று பத்து ஆண்டுகளைக் கடந்ததாக இருக்கக்கூடும். முட்டையிட்ட கூட்டை ஆண்மீன் அருகிருந்து காப்பது அதன் இயல்பு.

கோடையில் இத்தகைய ஏரிகளின் நீர், மேலே வெதுவெதுப்பாகவும் கீழே குளிர்ச்சியாகவும் அடுக்குகளாகப் பிரிந்திருக்கும். இலையுதிர்காலத்தில் மேல்நீர் குளிர்ந்து கனத்துக் கீழிறங்கும். காற்று அதனைக் கலக்கும். முடிவில் ஏரி முழுவதும் ஏறத்தாழ ஒரே வெப்பநிலையை அடையும். உயிர்வளியும் அடிவரை பரவும். அப்போது மீன்கள் கரையோரத்தை நீங்கி, பாறைச்சரிவுகளின் அடியில் கூட்டமாகத் தங்கும். குளிரில் அவற்றின் உடலியக்கம் தளர்வதால், இரையைத் துரத்தி நெடுந்தொலைவு செல்வதில்லை. எனவே, இரை அவற்றின் முகத்தருகே செல்லவேண்டும்.

அதற்கு உரிய முறை, படகுக்கு நேர்கீழே தூண்டிலை இறக்கி ஏற்றுவதாகும். அதனை ஜிக்கிங் என்பர். முதியவரின் பெட்டியில் அதற்கான பொய்யிரைகள் பல இருந்தன. முதுகில் துளையிட்ட மெல்லிய உலோகத்தகடு, மேலிழுக்கும்போது அதிரும். அவ்வதிர்வை மீன் தன் பக்கக்கோட்டால் உணரும். கரண்டி வடிவ உலோகத்துண்டு, விழும்போது இலைபோல் அசைந்து மின்னும். மீன் வடிவ ஈயப்பொய்யிரை, வாலிலுள்ள தகட்டின் உதவியால் பக்கவாட்டில் சறுக்கிச் செல்லும்.

“மேலே தூக்குவது மீனை அழைப்பதற்கு, கீழே விடுவதுதான் அதற்குக் கொடுப்பது. விழும்போதுதான் பெரும்பாலும் கவ்வும். நரம்பு தொய்ந்திருந்தால் உனக்குத் தெரியாது, விறைத்திருந்தால் இரை இயல்பாக விழாது” என்றார் முதியவர்.

ஒரு சாண் உயரம் தூக்கி, மெல்ல இறக்கினாள் பேத்தி. பலமுறை இறக்கியபின் தூண்டிற்கோல் வளைந்தது. 11 மீட்டர் ஆழத்திலிருந்து வேகமாகச் சுற்றியெடுத்தபோது, பழுப்பு நிறத்தில் பெரிய சிறுவாய் பாஸ் ஒன்று மேலே வந்தது. இலையுதிர்காலத்தில் பிடிபடும் அம்மீனை நீரில் விட்டுவிடவேண்டும் என்பது மாநிலச் சட்டம். அவள் மகிழ்ச்சியோடு முள்ளை நீக்கி விட்டாள். மீன் கீழே செல்லவில்லை. வயிறு உப்பி, பக்கவாட்டில் சாய்ந்து, வாலை அடித்தபடி மேற்பரப்பிலேயே மிதந்தது.

“தாத்தா, நான் காயப்படுத்தவில்லையே!” என்றாள்.

காயம் முள்ளால் ஏற்பட்டதன்று. நீரில் ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்திற்கும் ஏறத்தாழ ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேற்பரப்பில் உள்ளதைப்போல் இருமடங்கு. அங்கிருந்து மீனை மேலே கொண்டுவந்தால், அதன் காற்றுப்பையிலுள்ள வாயு இருமடங்காக விரிய முயலும். கெண்டை இனத்து மீன்கள் மிகுந்த வாயுவை வாய்வழியே வெளியேற்ற வல்லன. வால்ஐக்கும் சிறுவாய் பாஸுக்கும் அத்தகைய வழி இல்லை. விரிந்த பை உள்ளுறுப்புகளை நெருக்கும், விழிகள் பிதுங்கும். அவ்வாறு மிதக்கும் மீனைக் குளிரும் பறவைகளும் முடித்துவிடும்.

முதியவர் விளக்கிக்கொண்டிருக்கவில்லை. கொளுவில்லாத முள்ளொன்றைக் கனத்த குண்டோடு தலைகீழாகக் கட்டி, மீனின் கீழ்த்தாடையில் மாட்டி, நரம்பை விட்டார். குண்டு மீனை இருளுக்குள் இழுத்துச் சென்றது. அடியை எட்டியதும் வெடுக்கென்று இழுத்தார், முள் கழன்றது. இருவரும் நெடுநேரம் நீரையே நோக்கினர். மீன் மீண்டும் மேலெழவில்லை.

“பிழைக்குமா?”

“பிழைக்கலாம். உறுதியாகச் சொல்ல என்னால் இயலாது.”

அவர் படகை 6 மீட்டர் ஆழமுள்ள பகுதிக்குத் திருப்பினார். அங்கே மீன்கள் குறைவு என்பதை இருவரும் அறிவர். பிற்பகலில் அவருடைய பொய்யிரை பாறையிடுக்கில் சிக்கி, நரம்பு அறுந்தது. ஈயத்தால் ஆனது அது. அவர் பெட்டியை மூடிவிட்டுச் சற்று நேரம் பேசாதிருந்தார்.

அவருடைய மௌனத்திற்குக் காரணம் இருந்தது. மினசோட்டாவின் மாநில மீன் வால்ஐ; மாநிலப் பறவை லூன். குளிர்காலத்தில் கடற்கரைக்குச் செல்லும் லூன், பனி உருகியதும் ஏரிக்குத் திரும்பும். உண்ட இரையை அரைப்பதற்காகச் சிறுகற்களை விழுங்கும். அவற்றோடு ஈயக்குண்டும் உள்ளே சென்றால், அரைவைப்பையில் தேய்ந்து குருதியில் கலந்து பறவையைக் கொல்லும். அன்னங்கள் இவ்வாறு இறந்ததால், 1987ஆம் ஆண்டு இங்கிலாந்தில் தூண்டிலுக்கான சிறு ஈயக்குண்டுகள் தடைசெய்யப்பட்டன. அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலம், ஓர் அவுன்சும் அதற்குக் குறைவுமான ஈயக்குண்டுகளின் விற்பனையை 2016 முதல் தடுத்துள்ளது. ஈயத்தைவிட அடர்த்தி மிக்க டங்ஸ்டன் நச்சுத்தன்மை குறைந்த மாற்றாகக் கிடைக்கிறது, விலைதான் மிகுதி.

“எத்தனை ஆண்டுகளாக இதைப் பயன்படுத்துகிறீர்கள்?” என்று கேட்டாள் பேத்தி.

“ஐம்பது. எத்தனை அறுந்தன என்று எண்ணியதில்லை” என்றார் அவர்.

கரையேறியபோது இருள் சூழ்ந்திருந்தது. உணவுக்காக வைத்துக்கொண்ட வால்ஐ ஒன்றை முதியவர் தூய்மை செய்தார். பேத்தி விளக்கொளியில் பெட்டியைத் திறந்து, ஈயத்தால் ஆனவற்றைத் தனியே எடுத்து வைத்தாள். பெட்டியின் பெரும்பகுதி வெறுமையாயிற்று. முதியவர் அதனைப் பார்த்தார்; தடுக்கவில்லை.