கண்டென்சர் கவசம்

டிஸ்கி: படிச்சது மெக்கானிக்கல், பொழைக்கிறது பொட்டி தட்டி. அதனால இந்தப் பதிவுல பாதி பாடப்புத்தகம், மீதி எங்க ஊர் ஏ.சி. மெக்கானிக் கடை ஸ்டூல்ல உக்காந்து டீ குடிச்சுக்கிட்டே கேட்டது.

முருகன் சினம் தணிஞ்ச இடம்னுதான் எங்க ஊருக்குத் திருத்தணின்னு பேர். சூரசம்ஹாரம்கூட இங்கே கிடையாது. சாமி சாந்தமாயிட்டார், சரி. வெயில் மட்டும் இன்னும் தணியலை. சுத்தி எல்லாம் பாறை. பகல்ல குடிச்ச சூட்டை ராத்திரி பத்து மணி வரைக்கும் திருப்பித் துப்பிக்கிட்டே இருக்கும். கத்திரி வெயில்ல ஏ.சி. இல்லாத கார்ல சென்னையிலேர்ந்து ஒரு 85 கிமீ வந்து பாருங்க, 365 படி ஏறுறது எவ்வளவோ தேவலைன்னு தோணும்.

அந்த ரோடு பழைய கணக்குல தேசிய நெடுஞ்சாலை 205, இப்ப 716. திருவள்ளூர் தாண்டினா நகரி, புத்தூர், ரேணிகுண்டா வழியா ஆந்திராவுக்குள்ள போயிடும். (எங்க ஊரே 1960 ஏப்ரல் 1 வரைக்கும் ஆந்திராவோட சித்தூர் மாவட்டத்துலதான் இருந்துச்சு. ம.பொ.சி. போராட்டம், படாஸ்கர் தீர்ப்புன்னு அது ஒரு பெரிய கதை, தனிப் பதிவாத்தான் போடணும்.) திருப்பதி போற வண்டி, ஜல்லி லாரி, எம்-சாண்ட் டிப்பர், கரும்பு சீசன்ல திருவாலங்காடு சர்க்கரை ஆலைக்குத் தோகை பறக்கப் பறக்கப் போற டிராக்டர், எல்லாம் இதே ரோட்டுலதான். பேட்ச் ஒர்க் போட்ட இடத்துல தாரோட ஒட்டாத ஜல்லி அப்படியே கிடக்கும். முன்னாடி போற டயர் அதை எத்திவிடும். பின்னாடி வர்ற காரோட மூஞ்சிதான் விக்கெட் கீப்பர் :-)

அந்த மூஞ்சிக்கு உள்ளே, ரேடியேட்டருக்கும் முன்னாடி, முதல் ஆளா நிக்கிறதுதான் கண்டென்சர்.

எங்க சித்தப்பா டாக்ஸி ஓட்டறார். ஒரே வண்டி, அதுவும் லோன். ஏர்போர்ட்டுலேர்ந்து வயசானவங்களை ஏத்திக்கிட்டுத் திருத்தணி, திருப்பதின்னு போயிட்டு வர்ற சவாரிதான் அவருக்குச் சோறு. ஏ.சி. ஓடலைன்னா அந்த சவாரி கிடையாது. லோக்கல்ல ஓட்டினா டீசல் காசுக்கும் டீ காசுக்கும் சரியாப் போயிடும். அவர் வண்டியில 14 மாசத்துல ரெண்டு கண்டென்சர் போச்சு. ரெண்டாவது போனது நடு மே மாசம். பார்ட்டு, கேஸ், கூலி எல்லாம் சேர்த்து 12,000 ரூபாய். பார்ட்டு வர்ற வரைக்கும் நாலு நாள் வண்டி வீட்டு வாசல்ல. சித்தி ஒண்ணும் பேசலை. அந்த மாச டியூ தேதியை மட்டும் காலண்டர்ல ரெண்டு தடவை சுழிச்சு வெச்சிருந்தாங்க.

சர்வீஸ் சென்டர்ல ஒரே வரியில முடிச்சுட்டாங்க. "கல்லடி சார், வாரண்டி வராது." இன்சூரன்ஸ்ல கேக்கலாம். வெளியிலேர்ந்து பட்ட அடின்னு கண்ணுக்குத் தெரியற மாதிரி காயம் இருக்கணும். கிளெய்ம் போட்டா நோ கிளெய்ம் போனஸ் போயிடும். பாலிசியில நாமளே கட்டவேண்டிய பங்கு வேற இருக்கு. சித்தப்பா கணக்குப் போட்டுப் பார்த்துட்டு, "கைக்காசே போட்டுத் தொலைக்கிறேன் விடுடா"ன்னுட்டார்.

கல்லடியா தயாரிப்புக் குறையான்னு யார் முடிவு பண்றாங்கங்கறது சின்ன விஷயம் இல்லை. அமெரிக்காவுல 2016-லேர்ந்து 2018 வரைக்கும் வந்த சிவிக் கார்கள்ல கண்டென்சர் ஒழுகுதுன்னு ஏகப்பட்ட புகார் வந்து, 2019-ல ஹோண்டாவே அந்த ஒரு பார்ட்டுக்கு மட்டும் வாரண்டியைப் பத்து வருஷமா நீட்டிச்சுது. அதனால கழட்டின பழைய கண்டென்சரைக் கேட்டு வாங்கிப் பார்க்கணும். நான் பார்த்தேன். கீழ்ப்பக்கம், பம்பர் ஓட்டைக்கு நேர் பின்னாடி, நாலணா சைஸுக்கு ஃபின் மடங்கி, நடுவுல ட்யூப்ல ஒரு பள்ளம், அதைச் சுத்தி எண்ணெய்க் கசிவுல ஒட்டின தூசி. கல்லடியேதான், சந்தேகமே இல்லை.

ஏன் ஒரு சின்னக் கல்லுக்கு இப்படிப் பொத்துக்குது? அதோட உடம்பு அப்படி. இப்ப வர்ற கண்டென்சர் எல்லாம் சப்பட்டையான அலுமினிய ட்யூப். ஒண்ணு ரெண்டு மில்லிமீட்டர் தடிமன்தான், அதுக்குள்ளேயும் மயிரிழை மாதிரி வரிசையா துவாரங்கள். சுவர் தடிமன் சுமார் 0.3 மிமீ. நடுவுல இருக்கற ஃபின் அதையும்விட மெல்லிசு. சூட்டை வெளியே தள்ளணும்னா மெல்லிசாத்தான் இருந்தாகணும், வேற வழி இல்லை. உள்ளே ஓடறது ஆர் 134ஏ கேஸ். நம்ம ஊர் மே மாச மத்தியானத்துல அது உள்ளே 55 டிகிரி பக்கம் திரவமாகும்போது அழுத்தம் 200 பி.எஸ்.ஐ.க்குப் பக்கத்துல நிக்கும். கார் டயர்ல நாம அடிக்கிறது 32. ஊசிமுனை ஓட்டை போதும், கொஞ்ச நாள்ல மொத்தமும் காலி.

இன்னொண்ணு ஃபேஷன். பழைய கார்கள்ல மேல பெரிய க்ரில், கீழ இரும்பு பம்பர். இப்பப் பல மாடல்ல மேல அழகுக்கு மூடி வெச்சுட்டுக் கீழ பம்பர்ல வாயைப் பிளந்து வெச்சிருக்காங்க. ரோட்டுக்கு ஒரு முழம் மேல, கல் பறக்கற அதே உயரத்துல. காசுக்காரங்க கதையும் இதேதான். பழைய போர்ஷே 911, பாக்ஸ்டர்ல எல்லாம் ரேடியேட்டரும் கண்டென்சரும் முன் பம்பரோட ரெண்டு மூலையில, திறந்த ஓட்டைக்குப் பின்னாடி. கல்லும் வரும், இலையும் போய் அடைஞ்சு அழுகும். அதுக்குத் தனியா வலை வாங்கி மாட்டிக்கிறாங்க அந்தக் கார்க்காரங்க. சித்தப்பாகிட்ட சொன்னேன். "அவனுக்கும் கல்லு உழுதா?"ன்னு கேட்டு அன்னிக்குத்தான் கொஞ்சம் சிரிச்சார்.

முதல் கண்டென்சர் போனப்பவே ஒரு ஆக்சசரீஸ் கடையில அவருக்கு வலை மாட்டி விட்டிருந்தாங்க. ஜன்னல்ல அடிக்கிற கொசுவலை! அதுவும் கண்டென்சர் மேலேயே ஒட்டின மாதிரி கட்டி. கல்லு அந்த வலையையும் சேர்த்துக் கிழிச்சுக்கிட்டுப் போயிருக்கு, அது வேற விஷயம். அதுக்கு முன்னாடியே பல மாசமா டோல்கேட்ல நின்னா ஏ.சி. கூல் ஆகலைன்னு அவர் புலம்பிக்கிட்டிருந்தார்.

இங்கேதான் நமக்குள்ள தூங்கிக்கிட்டிருந்த இன்ஜினியர் முழிச்சுக்கிட்டார். கணக்கு போடுவோம். 6 மிமீக்கு ஒரு கம்பி, கம்பித் தடிமன் 1 மிமீன்னு ஒரு ஸ்டீல் வலை. ஓட்டை 5 மிமீ. காத்துப் போக வழி ஐந்தில் ஆறு, அதோட வர்க்கம்... சாரி, ஆறில் ஐந்து, அதோட வர்க்கம், கிட்டத்தட்ட 69 சதவீதம். இப்ப கொசுவலை. ஓட்டை ரொம்பச் சின்னது, கம்பியும் ரொம்பச் சன்னம். கணக்கு பண்ணினா அதுவும் 65 சதவீதத்துக்குப் பக்கத்துல வருது! எனக்கே ஆச்சரியம். அப்ப ரெண்டும் ஒண்ணுதானா?

பேப்பர்ல ஒண்ணு. ரோட்டுல இல்லை. கொசுவலையோட ஒரு மிமீ ஓட்டையில ஒரு ஈசல் ஒட்டினா அந்த ஓட்டை அடைப்பு. கரும்புத் தோகைத் தூள், செம்மண், பஞ்சு, ராத்திரிப் பூச்சி எல்லாம் சேர்ந்து ஒரே வாரத்துல அது வலை இல்லை, சாக்கு. ஓடும்போது எதிர்க்காத்து தள்ளிக்கிட்டு உள்ளே போயிடும். நிக்கும்போது பின்னாடி இருக்கற ஃபேன் ஒண்ணுதான் காத்தை இழுக்கணும், அதால முடியாது. கண்டென்சர் சூட்டைக் கொட்ட முடியாம அழுத்தம் ஏறும், கம்ப்ரஸர் திணறும், டீசல் குடிக்கும், கடைசியில பிரஷர் சுவிட்ச் கட் பண்ணி விட்டுடும். கல்லுலேர்ந்து காப்பாத்தறேன்னு மூச்சை நிறுத்தின கதை.

சரி, 5 மிமீ ஓட்டையில சின்னக் கல்லு பூந்து போகுமேன்னு கேப்பீங்க. போகட்டும். கல்லோட குறுக்களவு மூணு மடங்கு ஆனா எடை 27 மடங்கு. 4 மிமீ மணல் துண்டு 0.1 கிராம்கூட இல்லை. 12 மிமீ சிப்ஸ் ஜல்லி சுமார் 2.4 கிராம். 80 கிமீ வேகத்துல போய் அதுல மோதினா 0.6 ஜூல். ஒரு கோழிமுட்டை எடை இரும்பை ஒரு மீட்டர் உயரத்துலேர்ந்து கூர்முனை கீழ இருக்கற மாதிரி போட்டா என்ன ஆகுமோ அது. 0.3 மிமீ அலுமினியம் தாங்குமா? மணல் துண்டுக்கு அதே வேகத்துல 0.02 ஜூல்தான், ஃபின்னைக் கொஞ்சம் நெளிக்கும், அவ்வளவே. ஆக நிறுத்த வேண்டியது ஜல்லியை. மணலை இல்லை.

வேகத்தோட வர்க்கம்னு ஒண்ணு இருக்குங்கறதையும் மறந்துடாதீங்க. அதே சிப்ஸ் 60-ல 0.34 ஜூல், 100-ல 0.94. எதிர்ல வர்ற லாரி டயர் எத்திவிட்டா ரெண்டு வேகமும் கூடிக்கும். சித்தப்பாகிட்ட மெதுவாப் போங்கன்னு சொல்ல எனக்கு உரிமை இல்லை, அவருக்கு நேரம்தான் காசு. ஆனா ஜல்லி லாரிக்குப் பின்னாடி ஒட்டிக்கிட்டுப் போகாதீங்கன்னு சொன்னேன். மூணு செகண்ட் இடைவெளி விட்டா 80-ல கிட்டத்தட்ட 67 மீட்டர். எகிறின கல்லு பெரும்பாலும் அதுக்குள்ள தரைக்கு வந்து வேகம் அடங்கிடும். "அந்த கேப்புல மூணு ஆட்டோ பூந்துடும்டா"ன்னார். அதுவும் உண்மைதான்.

மெக்கானிக் அண்ணனும் நானும் ஒரு ஞாயித்துக்கிழமை உக்காந்து புதுசா மாட்டினோம். துருப்பிடிக்காத ஸ்டீல் வலை, முன்னாடி சொன்ன 6 மிமீ கணக்கு, கறுப்பு பெயிண்ட். இடம்தான் முக்கியம். கண்டென்சர் மேல இல்லை, பம்பர் ஓட்டையோட உள்பக்கம், கண்டென்சருக்கும் வலைக்கும் நடுவுல ரெண்டு விரக்கடை விட்டு. கல்லு பட்டு வலை உள்வாங்கினாலும் ட்யூபைத் தொடக்கூடாது. ஸ்டீலும் அலுமினியமும் தொட்டுக்கிட்டே ஈரத்துல கிடந்தா அலுமினியம் அரிக்கும், அதிர்வுல உரசி உரசியே ஓட்டை விழும். பிளாஸ்டிக் டைதான் போட்டோம், வெட்டிக் கழட்டிக் கழுவறதுக்கு வசதியா. கழுவறதும் தோட்டத்து ஹோஸ்ல மெதுவா. வாட்டர் சர்வீஸ் கன்னை நேரா அடிச்சா கல்லு செய்யாததை அது செஞ்சுடும், ஃபின் எல்லாம் படுத்துக்கும். புது மாடல் கார் வெச்சிருக்கறவங்க பம்பர்ல ரேடார் சென்சார் இருக்கான்னு பார்த்துட்டு, அதுக்கு முன்னாடி இரும்பு வலை வராம பார்த்துக்கோங்க. எலக்ட்ரிக் காரா இருந்தா இன்னும் உஷார். பலதுல பேட்டரியைக் குளிர வைக்கிறதும் இதே கேஸ்தான்.

வலை, டை எல்லாம் சேர்த்து 700 ரூபாய். மாட்டின மறுநாள் மத்தியானம், நின்ன வண்டி, ஏ.சி. ஃபுல். ஏ.சி. காத்து வர்ற வழியில தெர்மாமீட்டரைச் சொருகினேன். 12 டிகிரி. வலையைக் கழட்டிட்டுப் பார்த்தா 11. கொசுவலைக் காலத்துல நான் அளந்தது 18. அந்த ஒரு டிகிரியைத்தான் கவசத்துக்கு வாடகையாக் கொடுக்கறோம்.

இதையெல்லாம் எழுதும்போது உள்ளுக்குள்ள ஒரு எரிச்சல் இருக்கத்தான் செய்யுது. தார்ப்பாய் போடாம, பாடிக்கு மேல கோபுரம் மாதிரி குமிச்சுக்கிட்டு லாரி போகுது. அது வழியெல்லாம் கொட்டிட்டுப் போகும், 700 ரூபாய் வலையும் 12,000 ரூபாய் பார்ட்டும் டாக்ஸிக்காரன் தலையில. 2019-ல திருத்தின மோட்டார் வாகனச் சட்டத்துல அதிக பாரத்துக்கு 20,000 ரூபாய் அபராதம், மேற்கொண்டு ஒவ்வொரு டன்னுக்கும் 2,000. சட்டத்துல எல்லாம் இருக்கு. ரோட்டுலயும் எல்லாம் இருக்கு, குறிப்பா ஜல்லி.

வலை மாட்டி இப்ப ரெண்டு மழைக்காலம், ஒரு கத்திரி தாண்டியாச்சு. போன மாசம் கழட்டிக் கழுவும்போது நாலு கம்பி உள்பக்கமா நெளிஞ்சிருந்துச்சு. அதுல ஒரு இடத்துல கறுப்பு பெயிண்ட் உதிர்ந்து வெள்ளையாத் தெரிஞ்சுது. சித்தப்பா அதை விரலால தடவித் தடவிப் பார்த்தார், ஒண்ணும் சொல்லலை. அடுத்த வாரமே ஸ்டாண்டுல இருக்கற இன்னும் மூணு டிரைவருங்க அளவு எடுக்கச் சொல்லி போன் பண்ணிட்டாங்க.

ஒரு சின்ன வேண்டுகோள். புது வண்டியை மலைக்கு ஏத்தி பூஜை போடறவங்க, முன்னாடி மாட்டின அந்தப் பெரிய சாமந்தி மாலையை இறங்கறதுக்கு முன்னாடி கொஞ்சம் மேல தூக்கிக் கட்டிடுங்க. அதுவும் காத்தை அடைக்கும். கார்த்திகைக்குக் கார்த்திகை, ஏ.சி. வேலை செய்யலைன்னு மாலையோடவே நேரா கடைக்கு வர்ற புது வண்டி ரெண்டாவது இருக்குமாம். மெக்கானிக் அண்ணன் மாலையைக் கழட்டிட்டு 'சரியாப் போச்சு சார்'னு அனுப்பிடுவாராம். காசு வாங்கறதில்லையாம், எலுமிச்சம்பழத்தை மட்டும் எடுத்து வெச்சுக்குவாராம் :-)