கோபே நகரத்துக் கைப்பிடிச் சோறு

ஜப்பானுக்குப் போய்விட்டு வந்தேன் என்றதும், "ஃப்யூஜி மலை பார்த்தீங்களா, புல்லட் ரயில்ல போனீங்களா?" என்று தெருவே கேட்டது. இரண்டும் இல்லை. மூன்று மாதத்தில் நான் உருப்படியாகக் கற்றுக்கொண்டு வந்தது, சோறு பிடிக்க! சிரிக்காதீர்கள் சகோதரிகளே. இருபத்தைந்து வருஷமாகக் கரண்டி பிடித்த கைக்கு அது வசப்படப் பத்து நாளாயிற்று.

என் பெண் கோபே நகரத்தில் மேல்படிப்புப் படித்துக்கொண்டிருந்தாள். 2022 நவம்பரில் ஒரு நாள் ஆராய்ச்சிக் கூடத்தில் மயங்கி விழுந்துவிட்டாள். பரிசோதனை செய்ததில் ரத்த சோகை. ஹீமோகுளோபின் 8-தான் இருந்தது. காலையில் காபி, மதியம் பன், ராத்திரி பசி மரத்துப்போய்ப் படுக்கை. இதுதான் அவள் சாப்பாடு என்று அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. என் கணவருக்கு லீவு கிடைக்கவில்லை. பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், எலுமிச்சை ஊறுகாய் என்று கட்டிக்கொண்டு டிசம்பரில் நான் மட்டும் விமானம் ஏறினேன்.

கோபே அழகான ஊர். வடக்கே ரொக்கோ மலை, தெற்கே கடல், நடுவே நாடா போட்டாற்போல் நீளமாக ஊர். எந்தத் தெருவில் நின்றாலும் மலை தெரிந்தால் வடக்கு என்று திக்கு கண்டுபிடித்துவிடலாம். கப்பல் வியாபாரத்துக்கு வந்து தங்கிய இந்தியக் குடும்பங்கள் பல தலைமுறையாக உண்டு. கிதானோ என்ற மேட்டுப் பகுதியில் வெள்ளைச் சலவைக் கல்லில் ஒரு ஜைனக் கோயில்கூட இருக்கிறது. ஆனால் குளிர்! மலையிலிருந்து இறங்கும் காற்றுக்கு 'ரொக்கோ ஓரோஷி' என்று பெயரே வைத்திருக்கிறார்கள்.

நான் விடியற்காலையில் எழுந்து சாம்பார், பொரியல், ரசம் என்று மும்முரமாகச் சமைப்பேன். அவளோ, "நேரமில்லைம்மா" என்று ஓடுவாள். ஒரு நாள் டப்பாவில் கட்டாயப்படுத்திக் கொடுத்த சாம்பார் சாதம் கசிந்து, அவள் பையிலிருந்த நோட்டெல்லாம் மஞ்சளாகிவிட்டது. அன்று ராத்திரி கேட்டாளே ஒரு கேள்வி: "அம்மா, நீ எனக்காகச் சமைக்கறியா, உனக்காகச் சமைக்கறியா?"

பதில் சொல்லத் தெரியவில்லை. மறுநாள் அடுப்பே மூட்டாமல் வாசல் படியில் உட்கார்ந்திருந்தேன்.

அப்போதுதான் கீழ்வீட்டு ஓயாசான் வந்தார். அவர் பெயர் அதுவல்ல. வீட்டுச் சொந்தக்காரரை அங்கே அப்படித்தான் அழைக்கிறார்கள். எழுபத்தெட்டு வயதிலும் ஓயாமல் ஏதாவது செய்துகொண்டே இருப்பார். எனக்குப் பெயர் சுலபமாக மனதில் தங்கிவிட்டது! என் முகத்தைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. கையைப் பிடித்துத் தன் சமையலறைக்கு அழைத்துப் போனார். இருவருக்கும் பொதுவாக ஒரு பாஷை கிடையாது. அரிசிதான் பாஷை.

அந்தச் சோற்று உருண்டைக்கு 'ஒனிகிரி' என்று பெயர். கையால் அழுத்திப் பிடிப்பது என்று பொருளாம். நம் பிடிகொழுக்கட்டை மாதிரி! இது நேற்றைய பழக்கமல்ல. இஷிகாவா மாநிலத்தில் 1987-ல் நடந்த அகழ்வாராய்ச்சியில், ஏறக்குறைய இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்திய, கருகிப்போன முக்கோணச் சோற்றுக் கட்டி கிடைத்ததாம்.

செய்முறையைச் சொல்கிறேன். அவர்கள் அரிசி குட்டையாக, பருமனாக, பசையுள்ளதாக இருக்கும். 2 சின்ன டம்ளர் அரிசியை மூன்று நான்கு தண்ணீரில் களைந்து, அரை மணி ஊறவைத்து வடித்துவிட்டு, 2½ டம்ளர் தண்ணீரில் வேகவிட வேண்டும். அடுப்பை அணைத்ததும் திறக்கக் கூடாது. பத்து நிமிஷம் புழுங்கட்டும். சூடு இருக்கும்போதே பிடிக்க வேண்டும். இரண்டு உள்ளங்கையையும் நனைத்து, இரண்டு விரலால் எடுத்த உப்பைத் தேய்த்துக்கொண்டு, ஒரு பிடி சோற்றை வைத்து, நடுவில் குழி செய்து ஒரு ஸ்பூன் பூரணம் வைத்து மூடுங்கள். இடது கை தட்டையாக, வலது கை கூரை மாதிரி மடங்கி இருக்கட்டும். அழுத்தித் திருப்பு, அழுத்தித் திருப்பு. மூன்று நான்கு தடவை, அவ்வளவுதான். முக்கோணம் வந்துவிடும். இந்த அளவுக்கு ஆறு உருண்டை வரும்.

நான் லட்டு பிடிக்கிற கெட்டியில் இறுக்கினேன். ஓயாசான் என் கையைத் தட்டிவிட்டார். வெளியே உதிரக் கூடாது, உள்ளே நசுங்கக் கூடாது. அந்தப் பதம்தான் பத்து நாள் எடுத்தது. இறுக்கிப் பிடிப்பதுதான் என் சுபாவம் என்று அப்போதுதான் எனக்கே புரிந்தது.

உள்ளே வைக்க அவர்கள் சால்மன் மீன், மீன் முட்டை, சோயா சாஸில் பிசறிய மீன் துருவல் எல்லாம் வைக்கிறார்கள். நாங்கள் சைவம் என்றதும் ஓயாசான் 'உமேபோஷி' ஜாடியை எடுத்தார். ஜூன் மாதத்தில் பறித்த காயை உப்பிலிட்டு வெயிலில் உலர்த்திய ஊறுகாய். புளிப்பும் உப்பும் நம் ஆவக்காயையே தோற்கடிக்கும். கொம்பு என்ற கடற்பாசியைச் சோயா சாஸில் சுண்டவைத்தும் வைக்கலாம். பிறகு நான் என் சரக்கைக் காட்டினேன்: பருப்புத் துவையல், நல்லெண்ணெயில் குழைத்த கறிவேப்பிலைப் பொடி, எலுமிச்சை ஊறுகாய். சோற்றோடு வறுத்த எள்ளும் வேகவைத்த பச்சை சோயா பயறும் கலந்தால் பூரணமே வேண்டாம். மிஞ்சிய உருண்டையில் சோயா சாஸ் தடவித் தோசைக் கல்லில் முறுகவிட்டால், அது வேறொரு ருசி!

மேலே சுற்றும் கறுப்புக் கடற்பாசித் தாள் 'நோரி'. கோபே பக்கத்தில் மசாலா தடவிய நோரிதான் அதிகம். அதில் மீன், இறால் சாறு சேர்த்திருப்பது உண்டு. சைவக்காரர்கள் வெறும் வாட்டின நோரியாகப் பார்த்து வாங்க வேண்டும்.

மறுநாள் இரண்டு உருண்டைகளைச் சுற்றிக் கொடுத்தேன். கசியாது, ஸ்பூன் வேண்டாம், ஒரு கையில் சாப்பிட்டுக்கொண்டே இன்னொரு கையால் எழுதலாம். மாலையில் வெறும் துணி திரும்பி வந்தது. "நாளைக்கு மூணு வை" என்றாள். நான் பாத்ரூமுக்குள் போய் அழுதுவிட்டு வந்தேன்.

2023 ஜனவரி 17-ஆம் தேதி விடியுமுன் ஓயாசான் எங்கள் கதவைத் தட்டினார். நகர மன்றத்துக்குத் தெற்கே ஹிகாஷி யூஎன்சி பூங்காவுக்குப் போனோம். 1995-ல் அதே தேதி காலை 5.46-க்கு வந்த பூகம்பத்தில் 6,434 பேர் இறந்தார்கள். அந்த நிமிஷத்தில் எல்லோரும் தலை குனிந்து நின்றார்கள். ஆயிரக்கணக்கான விளக்குகளை எழுத்து வடிவில் அடுக்கி ஏற்றியிருந்தார்கள். "என்னடி எழுதியிருக்கு?" என்றேன். "'முசுபு'ம்மா. முடிச்சுப் போடறது, இணைக்கறது."

ஓயாசான் மெதுவாகப் பேச, என் பெண் தமிழில் சொன்னாள். அன்றைக்கு அவருடைய மர வீடு இடிந்துவிட்டது. கணவரை அக்கம்பக்கத்தார் வெளியே எடுத்தும் பிழைக்கவில்லை. பள்ளிக்கூடக் கூடத்தில் குளிரில் உட்கார்ந்திருந்தபோது, மறுநாள் சாயங்காலம், முன்பின் தெரியாத ஒரு பெண் ஆளுக்கு ஓர் உருண்டை கொடுத்துக்கொண்டே போனாளாம். பூரணமில்லை, நோரியில்லை, உப்பு மட்டும். ஆறிக் கிடந்தது. "அதிலே விரல் தடம் இருந்துதாம்மா. அதைப் பார்த்த அப்புறம்தான் அழுகையே வந்துதாம்…" மேலே சொல்ல என் பெண்ணுக்குக் குரல் வரவில்லை.

ஒனிகிரிக்கு 'ஒமுசுபி' என்றும் ஒரு பெயர் உண்டு, அந்த 'முசுபு'தான். அன்று ஊர் ஊராகச் சோறு பிடித்துக்கொண்டு வந்தவர்களின் நினைவாக ஜனவரி 17-ஐ ஒமுசுபி தினமாக வைத்திருக்கிறார்கள்.

திரும்பும்போது ரயிலில் என் பெண் சொன்னாள்: "நாளையிலேருந்து நானே பிடிக்கறேன். நீ பக்கத்துல நின்னு பாரு, போதும்." சரி என்றேன். முன்பென்றால் விட்டிருப்பேனா!

உருண்டை மருந்தல்ல, டாக்டர் கொடுத்த இரும்புச் சத்து மாத்திரையை நிறுத்தவில்லை, அதோடு காபி குடிப்பதை நிறுத்தினாள். வேளைக்குச் சாப்பாடும் சேர்ந்ததும் மார்ச்சில் ஹீமோகுளோபின் 11-ஐத் தொட்டது.

நம் வீட்டில் செய்ய விரும்புகிறவர்கள் புதுப் பச்சரிசியைக் கொஞ்சம் குழைய வடியுங்கள். கையில் வெட்டுக்காயம் இருந்தால் வெறும் கையால் பிடிக்காதீர்கள். நம் வெயிலில் சோறு சீக்கிரம் கெடும். இரண்டு மூன்று மணிக்குள் சாப்பிட்டுவிடுங்கள். ரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் ஊறுகாய்க்குப் பதில் பயறு வையுங்கள்.

புறப்படும் அன்று விமான நிலையத்தில் என் கையில் ஒரு பொட்டலத்தைத் திணித்தாள். வானத்தில் பிரித்தேன். இரண்டு உருண்டைகள்; ஒன்று முக்கோணம், இன்னொன்று என்ன வடிவம் என்று கடவுளுக்குத்தான் தெரியும். உள்ளே என்னுடைய எலுமிச்சை ஊறுகாய். உப்பு கொஞ்சம் தூக்கல்தான். ஒரு பருக்கைகூட மிச்சம் வைக்கவில்லை.