கண்ட இடத்திலேயே விட்டு வருவது



பினாங்கு என்றதும் உங்கள் நினைவுக்கு வருவது தீவாகத்தான் இருக்கும். ஜார்ஜ் டவுன், கொடிமலை, தண்ணீர்மலை முருகன், தைப்பூச ரதம். நான் இருக்கும் சிம்பாங் அம்பாட் கடலுக்கு இந்தப் பக்கம், பெருநிலத்தில், செபராங் பிறையின் தென்பகுதியில் இருக்கிறது. ஒரு பக்கம் புக்கிட் தம்புனின் மீன் சாப்பாட்டுக் கடைகள், இன்னொரு பக்கம் செம்பனைத் தோட்டங்கள், நடுவில் நாளுக்கு நாள் பெருகும் தாமான் எனப்படும் குடியிருப்புகள். 2014 மார்ச்சில் பத்து காவானிலிருந்து தீவுக்கு இரண்டாவது பாலம் திறந்தார்கள். மொத்தம் 24 கிலோமீட்டர் நீளம். அதில் ஏறத்தாழ 17 கிலோமீட்டர் கடலுக்கு மேலே ஓடுகிறது. அதற்குப் பிறகு எங்களுக்குத் தீவு பக்கத்து ஊர் போல ஆகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமைகளில் தொப்பி, தண்ணீர்ப் பாட்டில், கொசு மருந்து சகிதம் எங்கே கிளம்பிவிடுகிறாய் என்று தமிழ்நாட்டிலிருந்து கேட்கிறார்கள். இந்த மடல் அதற்கான பதில்.

நாங்கள் விளையாடுவதற்கு ஜியோகேச்சிங் என்று பெயர். யாரோ ஒருவர் ஒரு சிறு பெட்டியை எங்காவது மறைத்து வைத்து, அந்த இடத்தின் அட்சரேகையையும் தீர்க்கரேகையையும் பொதுவில் பதிவு செய்கிறார். மற்றவர்கள் செல்பேசியையோ ஜிபிஎஸ் கருவியையோ வைத்துக்கொண்டு போய்த் தேடுகிறார்கள். கிடைத்தால், உள்ளே சுருட்டி வைத்திருக்கும் தாளில் பெயரும் தேதியும் எழுதிவிட்டு, பெட்டியை இருந்தது இருந்தபடியே வைத்துவிட்டுத் திரும்புகிறார்கள். சிறுவயதில் மணலை நீளமாகக் குவித்துக் குச்சியை ஒளித்து விளையாடினோமே, அந்தக் கிச்சுக்கிச்சுத் தாம்பாளத்தின் மணல்கரை பூமி அளவுக்கு நீண்டுவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதற்குப் பிறந்த நாள் உண்டு. அமெரிக்க அரசு தன் ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் பொதுமக்களுக்குத் தரும் தகவலில் வேண்டுமென்றே ஒரு பிழையைக் கலந்து அனுப்பி வந்தது. கருவி காட்டும் இடத்துக்கும் உண்மையான இடத்துக்கும் 100 மீட்டர் வரை வித்தியாசம் வரும். 2000-ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில், அதிபர் கிளிண்டனின் உத்தரவுப்படி அப்படிப் பிழை கலப்பதை நிறுத்தினார்கள். மறுநாளே, மே 3-ஆம் தேதி, டேவ் உல்மர் என்பவர் ஆரிகன் மாநிலத்துக் காடு ஒன்றில் ஒரு வாளியை வைத்து அதன் இட எண்களை அறிவித்தார். உள்ளே புத்தகம், கவண், பீன்ஸ் டப்பா என்று சில பொருள்கள். சில நாளுக்குள் மைக் டீக் என்பவர் அதைத் தேடிப் பிடித்தார். அந்த ஒரு வாளியிலிருந்து இன்று உலகெங்கும் 30 லட்சத்துக்கும் மேற்பட்ட பெட்டிகள்.

இடத்தை எண்ணால் பிடிக்கும் வேலைக்கும் நம் ஊருக்கும் பழைய உறவு இருக்கிறது. 1802-இல் பிரிட்டிஷ் நில அளவையாளர் வில்லியம் லாம்டன் தன் மாபெரும் நில அளவைக்குப் பரங்கிமலை அருகேதான் அடிப்படைக் கோட்டை அளந்தார். 1808-இல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் மேல் ஏற்றும்போது கயிறு அறுந்து அவருடைய அரை டன் கருவி சேதமடைந்தது. அத்தனை பாடுபட்டு அறிந்ததை இன்று சட்டைப் பையில் இருக்கும் செல்பேசி சொல்லிவிடுகிறது. நாங்கள் பயன்படுத்தும் எண்ணில் கடைசி இலக்கம் ஒரு கலையின், அதாவது பாகையின் அறுபதில் ஒரு பங்கின், ஆயிரத்தில் ஒரு பங்கு. தரையில் அது இரண்டு மீட்டருக்கும் குறைவு. ஆனால் அடர்ந்த மரங்களுக்கு அடியில் கருவி தடுமாறும். கடைசிப் பத்து மீட்டரைக் கண்ணும் கையும்தான் கடக்க வேண்டும்.

இந்த விளையாட்டில் பரிசு கிடையாது. நடுவர் கிடையாது. காட்டுக்குள் ஒரு பெட்டியைத் திறக்கும்போது அதை எடுத்துக்கொண்டு போய்விட்டால் கேட்க ஆளில்லை. இருந்தும் பெட்டிகள் ஆண்டுக்கணக்கில் அங்கேயே இருக்கின்றன. முகம் தெரியாத ஒருவர் எனக்காக வைத்திருக்கிறார். எனக்குப் பின்னால் வரப்போகும் முகம் தெரியாத ஒருவருக்காக நான் அதைக் காப்பாற்றி வைக்கிறேன். என்னை இதில் கட்டிப் போட்டது இந்த ஒழுங்குதான். தேடிக் கண்டுபிடிக்கும் மகிழ்ச்சி அதற்கு அடுத்தபடி.

எங்கள் குழுவில் ஓய்வுபெற்ற சீன ஆசிரியை ஒருவர் இருக்கிறார். ஆசிரியர் என்பதால் எல்லோருக்கும் அவர் ‘சிகு’. மின்பணி செய்யும் மலாய் இளைஞர் ஒருவர். நிபோங் திபால் பக்கம் தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்து, இப்போது லாரி ஓட்டும் தமிழர் ஒருவர். அவரைச் சீனரும் மலாய்க்காரரும்கூட ‘அண்ணே’ என்றுதான் கூப்பிடுகிறார்கள். விடியும் முன் மாமாக் கடையில், அதாவது இங்குள்ள தமிழ் முஸ்லிம் உணவகத்தில், கூடுவோம். ரொட்டி சானாயும் தே தாரிக்கும் எல்லோருக்கும் பொது என்பதால் அங்கே யாருக்கும் சங்கடம் இல்லை. பிறகு ஒரே காரில் கிளம்புவோம்.

கூட்டாகத் தேடுவதில் சிகு எங்களுக்குப் பழக்கிய முறை ஒன்று உண்டு. பெட்டி யார் கண்ணில் முதலில் படுகிறதோ, அவர் கத்தக் கூடாது, கை நீட்டக் கூடாது. முகத்தில் எதையும் காட்டாமல் இன்னும் கொஞ்ச நேரம் தேடுவது போல நடந்து, விலகிப் போய் ஒரு கல்லில் உட்கார்ந்துகொள்ள வேண்டும். அடுத்தவர் கண்டதும் அவரும் வந்து உட்காருவார். கடைசி ஆள் கண்ட பிறகே பெட்டி வெளியே வரும். இப்படி விளையாடினால் ஒருவருடைய வெற்றி மற்றவருடைய தேடலைக் கெடுப்பதில்லை. குழந்தைகள் கூட வந்திருந்தால் இன்னும் ஒரு சலுகை. பெரியவர்கள் எத்தனை பேர் பார்த்திருந்தாலும், குழந்தை கண்டுபிடிக்கும் வரை யாரும் எதுவும் பார்க்கவில்லை.

கிடைக்காத நாளும் உண்டு. அதையும் எழுதிவிட வேண்டும். ‘தேடினேன், கிடைக்கவில்லை’ என்று பதிவு செய்யப் பலருக்குக் கௌரவக் குறைச்சலாக இருக்கிறது. ஆனால் பெட்டி தொலைந்துபோனது அதை வைத்தவருக்குத் தெரிய வருவது அந்த வரியிலிருந்துதான். கிடைக்கவில்லை என்பதால் தானே ஒரு புதுப் பெட்டியை அங்கே போட்டுவிட்டு ‘கண்டேன்’ என்று எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள். பிறர் பெட்டிக்கு நாம் மாற்று வைப்பது உதவி ஆகாது. வைத்தவரிடம் கேட்டு, அவர் சம்மதித்தால் செய்யலாம்.

வைத்தவரின் பாடு வெளியில் தெரிவதில்லை. முதலில் நிலத்துக்கு உரியவரின் சம்மதம் வேண்டும். குழி தோண்டிப் புதைக்கக் கூடாது. இன்னொரு பெட்டியிலிருந்து குறைந்தது 161 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். தன்னார்வலர் ஒருவர் சரிபார்த்த பிறகே அது பட்டியலில் ஏறும். அதோடு முடிந்துவிடுவதில்லை, வைத்தவர் அவ்வப்போது போய்ப் பார்த்து வர வேண்டும். இங்கே மழைக்கு மாதக் கணக்குக் கிடையாது. மூடி ஒரு நூல் தளர்ந்தாலும் உள்ளே தாள் கூழாகிவிடும். எறும்புகள் பெட்டிக்குள் குடித்தனம் நடத்தும். ஈரம் காய்ந்தாலும் பூஞ்சை விடாது. ஆகவே எங்களில் எல்லோர் பையிலும் வெட்டி வைத்த காய்ந்த தாள் துண்டுகளும், புதுச் செருப்பு வாங்கும்போது பெட்டிக்குள் கிடக்குமே, அந்த ஈரம் உறிஞ்சும் சிறு பொட்டலங்களும் இருக்கும். தாள் நிரம்பியிருந்தால் ஒரு துண்டைச் சேர்த்து வைத்துவிட்டு, வைத்தவருக்குத் தகவல் சொல்வோம். மூடியை அழுத்தி, ‘டக்’ என்ற சத்தம் கேட்ட பிறகுதான் கையை எடுக்க வேண்டும் என்பது அண்ணனின் விதி.

சற்றுப் பெரிய பெட்டிகளில் சிறு பொருள்கள் கிடக்கும்: பொம்மை, காசு, சாவிக்கொத்து. ஒன்றை எடுத்தால் அதற்குச் சமமானதையோ மேலானதையோ வைக்க வேண்டும். தின்பண்டம் மட்டும் கூடவே கூடாது. பினாங்கு பொத்தானிக்கல் கார்டனுக்குப் போயிருப்பவர்களுக்கு அங்குள்ள குரங்குகளின் சாமர்த்தியம் தெரியும். மிட்டாய் வாசனை வந்தால் பெட்டியே மரத்தின் மேல் போய்விடும். பயணப் பொருள்கள் என்று இன்னொரு வகை உண்டு. எண் பொறித்த தகடு கட்டிய அந்தப் பொருளை எடுத்துப்போய் வேறொரு பெட்டியில் சேர்ப்பது எடுப்பவர் கடமை. ஐரோப்பாவில் யாரோ ஒரு குழந்தை ‘கடல் பார்க்க வேண்டும்’ என்று அனுப்பிய பொருளை வீட்டு அலமாரியில் வைத்துக்கொள்பவரைத் திருடர் என்றே சொல்வேன்.

எதிரில் வருபவர்களிடம் நடந்துகொள்ளும் விதம் இன்னும் முக்கியம். ஆள் நடமாட்டம் இருக்கும்போது பெட்டியை எடுக்க மாட்டோம். பார்த்துவிட்டவர் பின்னால் வந்து குப்பை என்று வீசிவிடக்கூடும். ஆனால் காவலரோ குடியிருப்பவரோ வந்து கேட்டால் மறைக்கவே கூடாது. செல்பேசியைக் காட்டி, விளையாட்டைச் சொல்லி, விரும்பினால் பெட்டியையும் காட்டிவிட வேண்டும். 2011-இல் இங்கிலாந்தின் வெதர்பி ஊரில், பூந்தொட்டிக்கு அடியில் ஒருவர் எதையோ வைப்பதைப் பார்த்துப் பயந்தவர்கள் போலீஸை அழைக்க, ராணுவ வெடிகுண்டு நிபுணர்கள் வந்து அந்தப் பிளாஸ்டிக் டப்பாவை வெடிக்கச் செய்தார்கள். மக்கள் பயப்படுவதில் தவறே இல்லை. பெட்டியின் மேல் இது இன்னது என்று தெளிவாக எழுதி வைப்பதும், கேட்டால் உண்மையைச் சொல்வதும் நம் பொறுப்பு.

போகக் கூடாத இடங்களும் உண்டு. நிபோங் திபாலில் கலிடோனியா தோட்டத்து மாளிகை ஒன்று பாழடைந்து நிற்கிறது. 99 கதவு மாளிகை என்று பெயர். தோட்ட முதலாளி ராம்ஸ்டன் 1948-இல் அங்கே சுட்டுக் கொல்லப்பட்டதால் பேய்க் கதைகள் சேர்ந்துகொண்டன. இளைஞர்கள் இரவில் புகுந்து பார்க்கிறார்கள். எங்களிலும் ஒருவர் ஒருமுறை அங்கே போகலாம் என்றார். அண்ணன் மறுத்துவிட்டார். ‘அது இன்னொருத்தர் நிலம். அதோட, எங்க ஆளுங்க வேர்வை சிந்துன தோட்டம். பேய் பாக்குற எடம் இல்ல தம்பி’ என்றார். அந்தப் பேச்சு அதோடு நின்றது. பட்டியலில் எண் இருப்பது வேலி தாண்டுவதற்கு உரிமை ஆகாது.

அதற்கு மாறாக, எல்லோரும் தாராளமாகப் போகக்கூடிய இடம் புக்கிட் மெர்தாஜாமில் இருக்கிறது. சிம்பாங் அம்பாட்டிலிருந்து காரில் சீக்கிரம் போய்விடலாம். புனித அன்னாள் தேவாலய வளாகத்தில் ஒரு பெரும் பாறை. அதில் தென்னிந்திய எழுத்து வகையைச் சேர்ந்த மிகப் பழைய எழுத்துகள். 1845-இல் இதை வெளியுலகுக்குச் சொன்னவர் ஜேம்ஸ் லோ என்ற கிழக்கிந்தியக் கம்பெனிப் படை அதிகாரி. அதே மனிதர் 1834-இல் இதே செபராங் பிறைப் பகுதியில் வேறொரு கல்வெட்டைக் கண்டார். மகாநாவிகன் புத்தகுப்தன் என்பவன் கடற்பயணம் நலமாக முடிய வேண்டிக்கொண்டு பொறித்தது. அந்தக் கல்லைக் காண நீங்கள் கொல்கத்தா இந்திய அருங்காட்சியகத்துக்குப் போக வேண்டும். பாறையைப் பெயர்க்க முடியாததால் அது மட்டும் இங்கேயே தங்கியது. ஜூலை மாதம் அன்னாள் திருவிழாவுக்கு வரும் பெருங்கூட்டத்தில் எல்லா இனத்தவரும் உண்டு. அவர்கள் நடுவே அந்தப் பாறை தன் மண்ணில், தன் மழையில் நிற்கிறது. எனக்கு அதைத் தொட்டுப் பார்க்கவும் கூசும்.

இத்தகைய இடங்களுக்கென்றே பெட்டி இல்லாத வகைகள் இந்த விளையாட்டில் இருக்கின்றன. போய்ப் பார்த்து, அந்த இடத்தைப் பற்றிய கேள்விகளுக்கு விடை எழுதினால் போதும். 2004-இல் அமெரிக்க நிலவியல் சங்கத்தின் முயற்சியால் பாறை, மண், அருவி பற்றிய வகை ஒன்றும் தொடங்கியது. கோயில், பள்ளிவாசல், கல்லறை, தொல்லியல் சின்னம் ஆகியவற்றில் ஒளித்து வைப்பதற்கோ தடவித் தேடுவதற்கோ எதுவும் இருக்கக் கூடாது.

நான் புதுக்கோட்டைக்காரன். சித்தன்னவாசல் ஏழடிப்பட்டத்தில் சமணர் படுக்கைகளைப் பார்த்திருக்கிறேன். ஈராயிரம் ஆண்டுக்கு முந்தைய தமிழி எழுத்துகள் உள்ள அந்த மலையிலும், செஞ்சிக் கோட்டையிலும், நம் மலைக் குகைகள் பலவற்றிலும் ஆணியால் கீறிய பெயர்களையும் இதயப் படங்களையும் நீங்களும் பார்த்திருப்பீர்கள். பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சிதைத்தால் இரண்டு ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம் என்று சட்டம் சொல்கிறது. சட்டத்தால் அது நின்றதாகத் தெரியவில்லை. ‘நானும் வந்தேன்’ என்று எழுதிவைக்கும் ஆசை மனிதருக்கு இருக்கத்தான் செய்கிறது. அந்த ஆசைக்கு ஒரு துண்டுத் தாளைக் கொடுத்து, எழுதியதும் சுருட்டி உள்ளே வைக்கச் சொல்கிறது இந்த விளையாட்டு. ஆசையும் தீர்கிறது, பாறையும் பிழைக்கிறது.

ஆகவே ஊரில் உள்ள ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் என் வேண்டுகோள் இது. பிள்ளைகளை அழைத்துக்கொண்டு இதை விளையாடிப் பாருங்கள். செல்பேசி ஒன்று போதும். பூங்காவில், ஏரிக்கரையில், சம்மதம் வாங்கிய பள்ளி மைதானத்தில் தொடங்குங்கள். காப்புக்காடுகளுக்குள் அனுமதியின்றிப் போகாதீர்கள். திரும்பும் வழியில் குப்பை பொறுக்க ஒரு பை எடுத்துப் போங்கள். 2002 முதல் இந்த விளையாட்டுக்காரர்கள் இதற்கென்றே நாள் குறித்துக் கூடுகிறார்கள். ஒரு மழைக்காலம் தாண்டி உங்கள் பெட்டி அங்கேயே இருந்தால் எனக்கு எழுதுங்கள்.

பினாங்குக்கு வருவதாக இருந்தால் தீவோடு நின்றுவிடாமல் பாலம் தாண்டி இந்தப் பக்கமும் வாருங்கள். மாமாக் கடை விடியும் முன்பே திறந்திருக்கும். காரில் ஓர் இடம் ஒதுக்கி வைக்கிறோம். பிடிப்பு உள்ள காலணி போட்டுக்கொள்ளுங்கள். பெட்டிகளுக்குள் பெரும்பாலும் எழுதுகோல் இருப்பதில்லை. பேனா கொண்டு வாருங்கள்.