அயலூரில் பத்து மாதம்

ஐரோப்பா சென்று வந்தவர் எழுதும் கட்டுரை எவ்வாறு இருக்கும் என்பது, நம் சங்க மலரை ஆண்டுதோறும் படித்து வரும் தோழர்களுக்கு நன்கு தெரியும். விமானத்தில் ஒரு நடுக்கம், வானளாவிய ஒரு கோபுரம், முதல் பனிப்பொழிவு, ஈற்றில் அம்மா வைத்த ரசத்தின் நினைவு. பத்து நாள் பயணத்துக்கு அந்தக் கட்டுரை பொருந்தும். நான் ஜெர்மனியில் லைப்சிக் நகரில் 2024 செப்டம்பர் இறுதி முதல் 2025 ஜூலை இறுதி வரை பத்து மாதம் இருந்தேன். பத்து மாதம் என்பது விசித்திரமான அளவு. விருந்தாளியாக இருப்பதற்கு அது நீளம். ஊர்க்காரியாக ஆவதற்குக் குறைவு. அதை எப்படிச் செலவிடுவது என்று சொல்லித் தருவார் இல்லை. இனிச் செல்லவிருக்கும் தம்பி தங்கையருக்காக எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

நான் விண்ணப்பம் போட்டது, மேகங்களைக் கணிப்பொறியில் உருவாக்கிப் பார்க்கும் ஆராய்ச்சிக்கு. வந்த கடிதமோ, அந்தப் பிரிவில் இடமில்லை, கருவிப் பிரிவில் இருக்கிறது, விருப்பமுண்டா என்று கேட்டது. கருவிப் பிரிவில் என்ன வேலை? வெயிலை அளக்கும் கருவிகளின் கண்ணாடிக் குமிழைத் துடைப்பது, ஒன்றை மற்றொன்றோடு ஒப்பிட்டு அளவு சரிபார்ப்பது, குறிப்பேட்டில் எழுதுவது. எம். எஸ்ஸி. படித்துவிட்டுக் கண்ணாடி துடைக்கவா கடல் கடப்பது என்று விடுதித் தோழியர் சிரித்தனர். வங்கிக் கடனுக்குக் கையெழுத்திட்டிருந்த அப்பா சிரிக்கவில்லை. போவதா வேண்டாமா என்று தவித்த அந்த ஒரு வாரத்தில் எனக்குத் துணை நின்றவர் ஓர் அம்மையார். அவர் மறைந்தது 2001-இல். அப்போது நான் பிறக்கவே இல்லை.

எங்கள் குடும்பத்துக்கு ஊர் என்றால் பீருமேடுதான். அன்னா மணி பிறந்ததும் அங்கேதான், 1918 ஆகஸ்டு 23-இல். அவருடைய தந்தையார் பொறியாளர், ஏலத் தோட்டங்களுக்கு உரிமையாளர். என் பாட்டனாரின் தந்தையோ கூடலூர், குமுளி வழியாக மலையேறி வந்து தேயிலைத் தோட்டத்தில் கூலிக்கு நின்றவர். ஆகவே ஊர் ஒன்று என்றாலும் உறவு கொண்டாடும் துணிவு எனக்கில்லை. எட்டாவது பிறந்த நாளில் வீட்டார் தந்த வைரத் தோட்டை வேண்டாம் என்று சொல்லிக் கலைக்களஞ்சியம் கேட்டு வாங்கிக்கொண்ட சிறுமி அவர். எங்கள் லயத்தில் வைரத் தோட்டை மறுக்கும் வாய்ப்பு இதுவரை எவருக்கும் வாய்த்ததில்லை!

சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த அன்னா மணி, பெங்களூரில் சர் சி. வி. இராமனின் ஆய்வுக் கூடத்தில் வைரங்களின் ஒளியை ஆராய்ந்தார். ஆராய்ச்சிக் கட்டுரைகள் வெளிவந்தன, ஆயினும் எம். எஸ்ஸி. பட்டம் இல்லை என்ற காரணம் காட்டி டாக்டர் பட்டம் மறுக்கப்பட்டது. 1945-இல் அரசாங்க உதவித்தொகை பெற்று இலண்டன் இம்பீரியல் கல்லூரிக்குச் சென்றார். அவர் விரும்பியது பௌதிக ஆராய்ச்சி. அங்கே அவருக்குக் கிடைத்தது வானிலைக் கருவிப் பயிற்சி. இதைப் படித்தபோது என் கடிதத்தை மீண்டும் ஒரு முறை எடுத்துப் பார்த்தேன் என்று சொல்லவும் வேண்டுமா?

இலண்டனில் அவர் இருந்த ஆண்டுகள் போர் முடிந்த கையோடு வந்தவை. உணவுக்குப் பங்கீடு, 1946 ஜூலையில் ரொட்டிக்கும் பங்கீடு வந்தது. 1947-இன் தொடக்கத்தில் கடுங்குளிரும் நிலக்கரித் தட்டுப்பாடும் சேர்ந்துகொண்டன. 1948-இல் அவர் தாயகம் திரும்பினார். டாக்டர் பட்டம் அவருக்குக் கடைசி வரை இல்லை. ஒரு கருவி எப்படிச் செய்யப்படுகிறது, எந்த இடத்தில் பொய் சொல்லத் தொடங்குகிறது, அந்தப் பொய்யை எப்படிப் பிடிப்பது என்னும் அறிவோடு அவர் வந்தார். அந்நாளில் வெப்பமானி, காற்றழுத்தமானி போன்ற எளிய கருவிகளும் நமக்குக் கப்பலில் வந்துகொண்டிருந்தன. அன்னா மணி வானிலைத் துறையின் புனாப் பிரிவில் சேர்ந்து, ஏறத்தாழ நூறு கருவிகளின் வரைபடங்களை ஒழுங்குபடுத்தி, அவற்றை இங்கேயே செய்ய வழி வகுத்தார். 1957-58 பன்னாட்டுப் புவி பௌதிக ஆண்டின்போது வெயிலை அளக்கும் நிலையங்களை நாட்டின் பல இடங்களில் நிறுவினார். பிழையாக அளப்பதைவிட அளக்காமலே இருப்பது மேல் என்பது அவர் கொள்கை. 1987-இல் அவர் பெற்ற பதக்கம் கே. ஆர். இராமநாதன் பெயரால் அமைந்தது. அந்த இராமநாதன் பாலக்காட்டுக் கல்பாத்தியில் 1893-இல் பிறந்த தமிழர். என் இரண்டு மாவட்டங்களும் ஒரு பதக்கத்தில் சந்தித்துக்கொண்டதில் எனக்குச் சற்றுப் பெருமை உண்டு.

இரண்டும் என்னுடையவை என்பதற்குக் காரணம் இது. 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பீருமேட்டுப் பகுதியில் பல தேயிலைத் தோட்டங்கள் மூடப்பட்டன. அப்பா மலையை விட்டு இறங்கி, பாலக்காட்டு எல்லையில் அம்மாவின் ஊரான கொழிஞ்சாம்பாறைக்கு வந்துவிட்டார். நான் பிறந்தது அங்கே. தாத்தா மட்டும் லயத்தை விட்டு அசையவில்லை. விடுமுறைதோறும் அவரிடம் செல்வேன். கட்டிலின் அடியில் ஒரு தகரப் பெட்டி; அவருடைய உடைமை எல்லாம் அதனுள்ளே. “வர்ற தைக்கு ஊருக்குப் போயிருவோம் தாயி” என்பார். அவருடைய தகப்பனாரும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தாராம். ஒரு வாழ்நாள் முழுவதும் இருந்த மலையில் அவர் ஒரு வாழைக் கன்று நடவில்லை. மலையாளம் பேசுவார், எழுத்துத் தெரியாது. பேருந்துப் பலகையைப் பிறரிடம் கேட்டுத்தான் ஏறுவார். அவரைக் குறை கூற எனக்கு வாயில்லை. வேலை போனால் வீடும் போகும் என்ற நிலையில் யார் வாழை நடுவார்?

எனக்கு அந்தக் காரணம் இல்லை. பத்து மாதத்துக்கு அறை என்னுடையது. லைப்சிக் சேர்ந்த அன்றிரவே துணிமணிகளை அலமாரியில் அடுக்கி, பெட்டியைக் கட்டடத்தின் நிலவறையில் கொண்டு போய் வைத்தேன். மறுநாள் ஒரு தொட்டிச் செடி வாங்கினேன். விலை நான்கு யூரோ. அதை ரூபாயாகக் கணக்கிடாமல் இருப்பதற்கு நான் பட்ட பாடு தனிக் கட்டுரைக்கு உரியது.

கணித மேதை இராமானுஜன் 1914 முதல் 1919 வரை இங்கிலாந்தில் இருந்தார். கேம்பிரிட்ஜில் அவருக்கு இரவெல்லாம் குளிர். மேலங்கியை மாட்டிச் சால்வையைப் போர்த்துக்கொண்டு படுத்திருக்கிறார். அங்கே படித்துக்கொண்டிருந்த மகலனோபிஸ் ஒரு நாள் அறைக்கு வந்து பார்த்தால், கட்டிலில் கம்பளிகள் இருக்கின்றன; மெத்தையோடு சேர்த்துச் செருகியிருந்த அவற்றை விலக்கி உள்ளே புகுந்து படுக்க வேண்டும் என்பதுதான் இராமானுஜனுக்குத் தெரியவில்லை. இதைப் பலர் வேடிக்கையாகச் சொல்வார்கள். எனக்கு அது வேடிக்கையாகப் படவில்லை. எத்தனை இரவுகள் அப்படிக் கழிந்தனவோ! கேட்பதற்கு ஆள் இல்லாமையும், கேட்கக் கூச்சமும் சேர்ந்தால் மேதையும் குளிரில்தான் கிடக்க வேண்டும்.

ஆகவே தோழர்களே, கேளுங்கள். குப்பையை எந்தத் தொட்டியில் போடுவது என்று கேளுங்கள். ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடியிருக்கும் என்பதைச் சனிக்கிழமையே கேட்டு வையுங்கள். டிசம்பரில் மாலை நான்கு மணிக்கெல்லாம் இருட்டிவிடும். அந்த இருட்டை எப்படிக் கழிக்கிறீர்கள் என்று ஊராரைக் கேளுங்கள். நான் கேட்டதற்கு அடுத்த வீட்டு மூதாட்டி என்னைத் தோமையார் தேவாலயத்துக்கு அழைத்துச் சென்றார். 1723 முதல் 1750-இல் இறக்கும் வரை பாக் இசைப் பணி புரிந்த இடம் அது. வாரந்தோறும் சிறுவர் குழு பாடுகிறது, கட்டணம் சிறிதே. முதல் மாதம் எனக்குக் காலில் குளிர் ஏறியதுதான் தெரிந்தது. ஐந்தாம் மாதத்தில் குரல்கள் ஒன்றையொன்று துரத்திப் பிடிப்பது காதில் விழத் தொடங்கியது. பத்து நாள் பயணிக்கு இது கிட்டாது.

கண்ணாடி துடைக்கும் வேலையும் அப்படியே. கறுப்புப் பூச்சிட்ட சிறு தட்டு வெயிலில் சூடேறும். அந்தச் சூட்டு வேறுபாட்டிலிருந்து மிகச் சிறிய மின்னழுத்தம் பிறக்கும். அதை அளந்தால் வெயிலின் அளவு. புத்தகத்தில் இது மூன்று வரி. காலையில் குமிழின்மேல் உறைபனி படிந்தால் அளவு எவ்வளவு மாறும், கருவி ஓர் இம்மி சாய்ந்தால் என்ன ஆகும், கறுப்பு எத்தனை ஆண்டில் வெளுக்கும் என்பவை மூன்று வரியில் இல்லை. பட்டறைப் பெரியவர் ஒருவர் பழைய கருவி ஒன்றை எனக்காகப் பிரித்துக் காட்டினார். அனுமதி கேட்டு ஒவ்வோர் உறுப்பையும் அளந்து வரைந்துகொண்டேன். நான் கொண்டு வந்த பொருள்களில் அந்த வரைபட நோட்டுக்குத்தான் விமானத்தில் மடியில் இடம்.

தமிழ் அங்கே இல்லை என்று ஏங்க வேண்டியதில்லை. இரயிலில் அரை மணிக்குச் சற்று மேல் சென்றால் ஹாலே நகரம். 1706-இல் தரங்கம்பாடி வந்த சீகன்பால்குவை உருவாக்கிய ஊர். பிராங்கே நிறுவனத்தின் ஆவணக் காப்பகத்தில் தமிழ் ஓலைச் சுவடிகள் இருக்கின்றன. லைப்சிக்கிலேயே, நம் நாட்டில் தங்கித் தமிழ் கற்றுத் திரும்பிய கார்ல் கிரவுல் திருக்குறளை ஜெர்மன் மொழியில் 1856-இல் வெளியிட்டார். அயலூரில் தங்குவது எப்படி என்பதை நமக்குக் கற்பிக்க வல்லவர் அவரும் ஒருவர்.

இப்போது நம் துறைப் பட்டறையில் அந்த வரைபடங்களைக் கொண்டு இரண்டு கருவிகள் செய்துகொண்டிருக்கிறோம். ஒன்று கொழிஞ்சாம்பாறை வீட்டு மாடிக்கு. மற்றொன்றை லயத்துக் கூரையில் பொருத்த ஆணி அடிக்கலாமா என்று தாத்தாவைக் கேட்டேன். “அடிச்சுக்க தாயி. மழை ஒழுகாமப் பாத்து அடி” என்றார். பீருமேட்டு மழையில் வெயிலை அளப்பது எளிதன்று. சூன் மாதம் முழுவதும் குறிப்பேட்டில் என்ன எழுதப் போகிறோம் என்று பேராசிரியர் கேலி செய்கிறார். பார்ப்போம்.

செல்லவிருப்பவர்கள் என்னை விடுதியில் வந்து பார்க்கலாம். தடித்த குளிர் அங்கி ஒன்று என்னிடம் சும்மா கிடக்கிறது. ஐந்தடி இரண்டு அங்குலத்துக்கு மேற்படாதவர்கள் முன்கூட்டியே சொல்லி வைத்தால் நலம்.