பேத்திக்கு வாங்கிய இரண்டு டேப்லெட்

பிசியோதெரபி படிப்பில் சேர்ந்த முதல் வாரம் பேத்தி போன் செய்தாள். ஹாஸ்டல் சாப்பாடு, தோழிகள், பாடங்கள் எல்லாம் சொல்லிவிட்டு, "கிளாஸ்ல பாதிப் பேர் டேப்லெட்லதான் நோட்ஸ் எடுக்கறாங்க தாத்தா" என்றாள். வேண்டும் என்று கேட்கவில்லை. சொன்னாள், அவ்வளவுதான். என் வைப்புத் தொகை ஒன்று அப்போதுதான் முதிர்ந்திருந்தது. மறுநாள் காலையிலேயே கடைக்குக் கிளம்பிவிட்டேன்.

தபால் துறையில் 36 வருடம் வேலை பார்த்தவன் நான். ஒரு பார்சலைக்கூட எடை போடாமல் வாங்கியதில்லை. அன்று மட்டும் எதையும் எடை போடவில்லை. கடைப் பையன் 8 அங்குல டேப்லெட் ஒன்றைக் காட்டி, "ஸ்டூடண்ட்ஸ் எல்லாம் இதைத்தான் சார் வாங்கறாங்க, பேனாவும் ஃப்ரீ" என்றான். கைக்கு அடக்கமாக இருந்தது. திரை பளிச்சென்று இருந்தது. விலை 12,000 ரூபாய்க்குள். பேரம் பேசி ஒரு உறையும் வாங்கிக்கொண்டு, அன்று மாலையே ஸ்பீடு போஸ்டில் அனுப்பினேன். "சூப்பரா இருக்கு தாத்தா" என்றாள் பேத்தி. எனக்குத் தலைகால் புரியவில்லை.

தீபாவளி விடுமுறைக்கு வந்தவள் அடிக்கடி நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கண் டாக்டரிடம் போகலாமா என்று கேட்டேன். அவள் குளிக்கப் போன சமயத்தில் என் மகள்தான் மெதுவாகச் சொன்னாள். "கண்ணுல ஒண்ணுமில்லப்பா. அந்தச் சின்ன ஸ்கிரீன்ல ராத்திரி வரைக்கும் படிக்கறா. எழுத்து பொடிசா தெரியுதாம். எழுதினா கை பட்ட இடமெல்லாம் கோடு விழுதாம். நீங்க ஆசையா வாங்கிக் குடுத்ததுன்னு சொல்லாம இருக்கா."

கடைக்குப் போய்க் கேட்டேன். பெட்டியைப் பிரித்தால் திரும்ப எடுப்பதில்லையாம். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. எதற்கு வேண்டும் என்று அவன் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. காரணம் டேப்லெட் மட்டுமல்ல.

1995இல் என் மகள் பி.எஸ்சி. தாவரவியல் சேர்ந்தாள். ஒரு பாடப்புத்தகம் கேட்டாள். நான் அவளைக் கூட்டிக்கொண்டு போகாமல், பழைய புத்தகக் கடையில் பாதி விலைக்கு ஒன்றை வாங்கி வந்து கொடுத்தேன். அவளும் "தேங்க்ஸ்பா" என்றுதான் சொன்னாள். பல வருடம் கழித்து, பொங்கலுக்கு வெள்ளையடிக்கப் பரணைக் காலி செய்தபோது அவளுடைய நோட்டு ஒன்று கிடைத்தது. தண்டின் குறுக்குவெட்டு, வேரின் குறுக்குவெட்டு என்று பக்கம் பக்கமாகப் படங்கள். விசாரித்தபோது, "நீங்க வாங்கின புக்ல படப் பக்கத்தையெல்லாம் யாரோ கிழிச்சிருந்தாங்கப்பா. ஃப்ரெண்டோட புக்கை ராத்திரி வாங்கிட்டு வந்து பார்த்து வரைஞ்சேன்" என்றாள். ஒரே தப்பை அம்மாவுக்கும் செய்து, முப்பது வருடம் கழித்து மகளுக்கும் செய்திருக்கிறேன்.

மறுநாள் பேத்தியைப் பக்கத்தில் உட்காரவைத்து, முதலில் கேட்டிருக்க வேண்டியதைக் கேட்டேன். "நீ இதுல என்னென்ன பண்ணணும்?"

அவள் படிக்க வேண்டியவை பெரும்பாலும் பி.டி.எஃப். கோப்புகள். அதாவது அச்சடித்த பக்கத்தின் அச்சு அசல். கதைப் புத்தகம் போல எழுத்தைப் பெரிதாக்கினால் வரிகள் தானாக மடங்கி வராது. பக்கம் முழுவதும்தான் பெரிதாகும். ஒரு வரியைப் படிக்க இடமும் வலமும் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். உடற்கூறியலில் தமனி சிவப்பு, சிரை நீலம், நரம்பு மஞ்சள் என்று எல்லாம் நிறத்தில்தான். அந்தப் படங்களின் மேலேயே குறிப்பு எழுத வேண்டும். வகுப்பில் ஆசிரியர் போர்டில் வரைவதைக் கூடவே வரைய வேண்டும்.

ஸ்கேலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஏ4 தாளின் அகலம் 21 சென்டிமீட்டர். நான் வாங்கிய 8 அங்குல டேப்லெட்டின் திரை அகலம் 11 சென்டிமீட்டர்கூட இல்லை. டிவி போலவே இதையும் மூலைக்கு மூலை குறுக்காக அளந்துதான் 8 அங்குலம் என்கிறார்கள். ஆக, பக்கம் பாதியாகச் சுருங்குகிறது. 10 புள்ளி எழுத்து 5 புள்ளி எழுத்தாகிறது. மருந்துப் பெட்டிக்குள் இருக்கும் துண்டுச் சீட்டைத் தினமும் 4 மணி நேரம் படிப்பது மாதிரி. தலை வலிக்காமல் என்ன செய்யும்?

11 அங்குலத்தை ஒட்டிய திரையின் அகலம் பதினாலரை சென்டிமீட்டருக்கு மேல் வருகிறது. பி.டி.எஃப். பக்கத்தின் ஓரத்து வெற்றிடங்களை வெட்டிவிட்டுப் படிக்கும் வசதியும் சில செயலிகளில் உண்டு. அப்படிச் செய்தால் எழுத்து ஏறக்குறைய புத்தகத்தில் உள்ள அளவுக்கே வந்துவிடுகிறது.

அடுத்தது பேனா. இலவசமாக வந்தது ரப்பர் முனைக் குச்சி. திரையைப் பொறுத்தவரை அதுவும் ஒரு விரல்தான். உள்ளங்கை பட்டால் அதையும் எழுத்தாக எடுத்துக்கொள்ளும். எழுதுவதற்கென்றே திரைக்கடியில் தனி ஏற்பாடு உள்ள டேப்லெட்டுகள் இருக்கின்றன. அவற்றுக்குரிய பேனா அருகில் வந்ததும் திரை கையை மறந்துவிடும். அழுத்தினால் கோடு தடிக்கும், லேசாக இழுத்தால் மெலியும். சாம்சங்கின் எஸ் பேனா எழுதுவதற்குச் சார்ஜ் வேண்டியதில்லை. ஆப்பிள் பென்சிலுக்குச் சார்ஜ் வேண்டும், அதைத் தனியாகவும் வாங்க வேண்டும்.

இதில் ஒரு வேடிக்கை. 2007இல் ஐபோனை அறிமுகப்படுத்திய ஸ்டீவ் ஜாப்ஸ், திரையில் எழுத யாருக்குக் குச்சி வேண்டும் என்று கேலி செய்தார். 2010இல் வந்த முதல் ஐபேடுக்கும் பேனா கிடையாது. அவர் மறைந்து 4 ஆண்டுகள் கழித்து, 2015இல் அவருடைய நிறுவனமே பென்சிலைக் கொண்டுவந்தது. விரல் பார்க்கப் போதும். எழுத வேண்டுமென்றால் எழுதுகோல்தான் வேண்டும்.

நம் நாட்டில் 2011இல் மத்திய அரசு மாணவர்களுக்காக வெளியிட்ட ஆகாஷ் டேப்லெட் சிலருக்கு நினைவிருக்கும். 7 அங்குலத் திரை. அரசு வாங்கிய விலை 2,276 ரூபாய். தொட்டால் போதாது, அழுத்த வேண்டிய திரை. நல்ல எண்ணத்தில் செய்ததுதான். ஆனால் விலையை முதலில் முடிவுசெய்துவிட்டு வேலையை அதற்குள் அடைக்கப் பார்த்தால் என்ன ஆகும் என்பதற்கு அதுவும் ஓர் உதாரணம். நான் செய்ததும் அதேதான்.

இந்த முறை பேத்தியோடு போனேன், வேறு கடைக்கு. அவள் அம்மாவின் தாவரவியல் நோட்டையும் பையில் போட்டுக்கொண்டேன். "இதுல ஒரு படத்தைப் பார்த்து ஒவ்வொண்ணுலயும் வரைஞ்சு பாரு" என்றேன். கடைக்காரர் சிரித்தார், ஆனாலும் நாற்காலி போட்டுக் கொடுத்தார். மூன்று டேப்லெட்டில் வரைந்து பார்த்தாள். கறுப்பு வெள்ளையில் காகிதம் மாதிரியே தெரியும் மின்மைத் திரைக் கருவியைப் பற்றி நான் படித்துவிட்டுப் போயிருந்தேன். கண்ணுக்கு இதம், சார்ஜும் பல நாள் நிற்கும். "எனக்குக் கலர் வேணும் தாத்தா" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள்.

கடைசியில் பேனா பெட்டியிலேயே சேர்ந்து வரும், 11 அங்குலத்துக்குச் சற்றுக் குறைந்த ஒன்றை அவளே எடுத்தாள். மெமரி கார்டு போட இடம் இருந்ததால் கூடுதல் சேமிப்புக்குப் பணம் கொடுக்கவில்லை. சிம் கார்டு போடும் மாடலையும் வேண்டாம் என்றாள். போனிலிருந்தே நெட் எடுத்துக்கொள்ளலாமாம். இந்த இரண்டிலும் சில ஆயிரங்கள் மிச்சம். எனக்குத் தோன்றியிருக்காத மிச்சம்.

நான் சொன்னது இரண்டே விஷயம். ஒன்று, எழுதுகிற குறிப்பெல்லாம் வாரம் ஒருமுறை பி.டி.எஃப். ஆக மாற்றி கூகுள் டிரைவில் போட்டுவிட வேண்டும். டேப்லெட் தொலைந்தால் ஒரு வருடப் படிப்பும் கூடவே தொலையக் கூடாது. இரண்டு, தாளில் எழுதுவதை அடியோடு விட்டுவிடக் கூடாது. பரீட்சை இன்னும் தாளில்தான், 3 மணி நேரம். கை பழகவில்லையென்றால் கடைசி அரை மணியில் கெஞ்சும்.

கீபோர்டில் தட்டுவதைவிடக் கையால் குறிப்பெடுத்தால் பாடம் நன்றாகப் புரிகிறது என்று 2014இல் அமெரிக்காவில் முல்லர், ஓப்பன்ஹைமர் என்ற இருவர் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். தட்டுகிறவர்கள் கேட்டதை அப்படியே இறக்கிவிடுகிறார்கள், எழுதுகிறவர்கள் யோசித்துச் சுருக்குகிறார்கள் என்பது அவர்கள் சொன்ன காரணம். பிறகு மற்றவர்கள் அதே சோதனையைச் செய்தபோது வித்தியாசம் அவ்வளவு தெளிவாக வரவில்லை. எனவே அதை வேதவாக்காகச் சொல்ல மாட்டேன். ஆனால் படம் வரைந்து படிக்கிற படிப்புக்குப் பேனா இல்லாமல் முடியாது என்பதை என் வீட்டிலேயே இரண்டு தலைமுறையாகப் பார்த்துவிட்டேன்.

பழைய 8 அங்குல டேப்லெட் இப்போது என்னிடம் இருக்கிறது. மதுரைத் திட்டத்தின் மின்னூல்களை எழுத்தைப் பெரிதாக்கி, ஈசிசேரில் சாய்ந்துகொண்டு படிக்கிறேன். வரி மடங்கி வருகிற நூல்களுக்கு அது நன்றாகவே உழைக்கிறது. அதன் மேல் குற்றமில்லை. வேறு வேலைக்கு வாங்கிவிட்டேன்.

போன வாரம் பேத்தி ஒரு படம் அனுப்பியிருந்தாள். முதுகில் உள்ள ட்ரபீசியஸ் தசை, சிவப்பில் தீட்டியது. அம்மாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தவள், "என்னை விட நல்லா வரைஞ்சிருக்கா" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பி, "இந்தத் தடவை கேட்டுட்டு வாங்கினீங்களே" என்றாள். அதில் பாராட்டு பாதி, பழைய கணக்கு பாதி. இரண்டையும் வாங்கிக்கொண்டேன்.